புகலிடத்துப் பிள்ளைகளும் ஆடுபலகையும்

விதி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. மனிதன் கைக்கு அகப்படாது நின்று அவன் வாழ்வை நடத்துவதாகக் கருதப்படும் ஊழ் ஒன்று. பலர் கூடி ஏற்றுக்கொண்ட ஒழுங்கு மற்றொன்று. தலைவிதி என்று நொந்துகொள்ளும் அதே வாயால் ஆட்ட விதி என்றும் சொல்லுகிறோம். வளர்ந்தவர்களாகிய நாம் இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிவோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை. தந்தையின் காலடியோசையை வைத்தே அன்றிரவு எவ்வாறு கழியும் என்று கணக்கிடப் பழகிய பிள்ளை, முதற்பொருளை மட்டும் நன்கு அறிந்த பிள்ளை. நேற்றுக் குற்றமில்லாதிருந்தது இன்று குற்றமாகும்; இன்று சிரிப்பை எழுப்பியது நாளை அடியைக் கொண்டுவரும். அப்பிள்ளை ஒருநாள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, உடுத்த உடையுடன் வீட்டைவிட்டுப் புறப்படுகிறது. போய்ச் சேரும் இடத்தில் அதன் கையில் எந்த விளையாட்டைக் கொடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குடும்ப வன்முறைக்கு அஞ்சி வெளியேறும் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் உரிய புகலிடங்களின் வரலாறு நீண்டதன்று. இலண்டனின் சிசிக் பகுதியில் 1971இல் எரின் பிட்சி என்பவர் தொடங்கிய இல்லம் பிரித்தானியாவில் இவற்றுக்கு முன்னோடியாகக் கூறப்படுகிறது. நமது நாட்டில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், பாதிக்கப்பட்டவர் வேண்டிக்கொண்டால் அவரைப் புகலிடமொன்றிலோ தற்காலிகத் தங்குமிடத்திலோ சேர்க்குமாறு பணிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளித்திருக்கிறது. அவ்விடம் பிறருக்குத் தெரியாதபடி காக்கப்படவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கருத்து.

இந்த மறைவு உயிரைக் காப்பது. ஆயினும் பிள்ளை அதற்குக் கொடுக்கும் விலை சிறிதன்று. பள்ளித் தோழருக்குத் தான் இருக்குமிடத்தைச் சொல்ல முடியாது. மாலையில் கூடி விளையாடிய அயல்வீட்டு முற்றம் இல்லை. இருப்பிடம் வெளிப்பட்டுவிடலாம் என்ற அச்சத்தினால் கைத்தொலைபேசியும் பல வேளைகளில் ஒதுக்கிவைக்கப்படுகிறது. தாய் நீதிமன்றத்துக்கும் உளவளத்துணையாளரிடத்தும் சென்றுவரும் பொழுதுகளில் பிள்ளைக்கு எஞ்சுவது ஒரு பொது அறையும், முன்பின் அறியாத சில பிள்ளைகளுமே.

இத்தகைய இல்லமொன்றில் பணிபுரியும் நண்பர் ஒருவர், அன்பர் ஒருவர் வழங்கிய சிறுதொகைக்கு ஆடுபலகைகள் வாங்க வேண்டியிருந்தபோது, ஆசிரியத் தொழிலில் பல்லாண்டு கழித்தவன் என்ற முறையில் என்னைத் துணைக்கழைத்தார். "மாஸ்டர், எது சிறந்த விளையாட்டு என்று நான் கேட்கவில்லை; இந்தப் பிள்ளைகளுக்கு எது தீங்கு செய்யாது என்பதை முதலிற் சொல்லுங்கள்" என்றார். கேள்வி சரியான இடத்திலிருந்தே தொடங்கியது. அதனை முன்வைத்து நாங்கள் ஆராய்ந்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது பயனுடையது என எண்ணுகிறேன்.

இடர்ப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு பலகை பிறந்த வரலாறு உண்டு. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1948இல் எலினர் அபட் என்னும் ஓய்வுபெற்ற ஆசிரியை இளம்பிள்ளைவாத நோயினின்றும் தேறிக்கொண்டிருந்தார். அதே நோயினால் வீட்டைப் பிரிந்து மருத்துவமனையிற் கிடந்த சிறுவர்களின் பொழுதைப் போக்கும் பொருட்டு அவர் வரைந்த ஆட்டமே, இனிப்புகளின் நாடு என்று பொருள்படும் 'கான்டி லான்ட்'. மில்ற்றன் பிறாட்லி நிறுவனம் அதனை 1949இல் வெளியிட்டது. அதில் எழுத்தை வாசிக்கத் தேவையில்லை, எண்ணவும் தேவையில்லை. எடுத்த சீட்டில் எந்த நிறமோ, பாதையில் அந்த நிறத்துக்குக் காய் செல்லும். அறிவுக்கு வேலையில்லாத ஆட்டம் என்று அதனை இகழ்வாருமுளர். ஆனால் நோயுற்ற பிள்ளையின் சோர்வையும் தனிமையையும் அறிந்த ஒருவர் செய்த பலகை அது. படுக்கையைவிட்டு அசையமுடியாத பிள்ளை அதன்மீது நெடுவழி நடந்துசென்று ஒரு வீட்டை அடைந்தது. யாருக்காக என்பதை முதலில் எண்ணிப் பின்னரே ஆட்டத்தை எண்ணிய அந்த ஆசிரியையின் முறையே நமக்கும் வழிகாட்டி.

அம்முறையை நமது புகலிடத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். முதலாவது, காலம். எந்த வேளையிலும் பிள்ளையை யாரேனும் அழைக்கலாம். சில வேளைகளில் விடிவதற்குள் அப்பிள்ளை வேறிடம் சென்றுவிடவும் கூடும். ஆகவே 15, 20 நிமிடத்தில் முடியும் ஆட்டமும், நடுவில் ஒருவர் எழுந்துபோனாலும் குலையாத ஆட்டமுமே ஏற்றவை. இரண்டாவது, மொழி. சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே அறையில் அமரும் இல்லங்களில், எழுத்து மிகுந்த பலகை ஒருவரைப் புறத்தே நிறுத்திவிடும். நிறமும் வடிவமும் எல்லோருக்கும் பொது. மூன்றாவது, வயது. ஐந்து வயதுத் தங்கையும் பதினொரு வயது அண்ணனும் பிரிய மனமின்றி ஒன்றாகவே இருப்பர். இருவருக்கும் இடமுள்ள ஆட்டமாக அது இருத்தல் வேண்டும். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்கள் இவற்றைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடுவர். அவர்களுக்குக் கரம் பலகையும் சதுரங்கமும் வேண்டும். கரத்தின் ஓசை சிறு பிள்ளைகளைத் திடுக்கிடச் செய்யுமாதலின் அதனை விறாந்தையில் வைப்பது நன்று.

நான்காவது, காய்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் தவழும் இடத்தில் வாயிற் போட்டு விழுங்கக்கூடிய சிறு காய்கள் ஆகா. நம் முன்னோர் காயாகக் கொண்ட குன்றிமணி கொடிய நஞ்சுடையது. அதை முற்றாக விலக்கவேண்டும். இதனோடு மற்றொன்றையும் சொல்லவேண்டும். பழைய ஆடுபலகைகளை நன்கொடையாக வழங்குவோர் நல்ல மனத்துடனேயே வழங்குகின்றனர். ஆயினும் இரண்டு காய்கள் தொலைந்த பலகையை, ஏற்கெனவே பலவற்றைத் தொலைத்துவிட்டு வந்த பிள்ளையின் முன் விரிப்பது முறையன்று. கொடுக்குமுன் எண்ணிப் பார்த்துக் குறையை நிரப்பிக் கொடுத்தல் வேண்டும்.

இனி, விலக்கத்தக்கவை எவை? பரமபதத்தை நான் இளமையில் விரும்பி ஆடியவன். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்கு அது துணையாக இருந்த வழக்கத்தை வாசகர் அறிவர். பழைய பலகையில் ஏணியின் அடியில் நற்குணமும் பாம்பின் தலையில் தீக்குணமும் எழுதப்பட்டிருக்கும். நல்லது செய்தவன் ஏறுவான். தீயது செய்தவன் இறங்குவான். மற்றைப் பிள்ளைகளுக்கு இது நல்ல பாடமாகலாம். ஆனால், 'நான் குழப்படி செய்தபடியால்தான் அப்பா அம்மாவை அடித்தார்' என்று தன்னையே குற்றவாளியாக்கிக் கொள்ளும் பிள்ளைகள் பலர். சறுக்கல் ஒவ்வொன்றும் செய்த பிழைக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லும் பலகை, அந்தத் தவறான எண்ணத்துக்கு உரமிடும். எழுத்தில்லாத வெறும் பாம்பும் ஏணியும் அத்துணைக் கேடுடையதன்று. எனினும் நூறை அண்மித்த பிள்ளை ஒரே வீச்சில் அடிக்குச் சறுக்குவதை இந்த அறையில் நான் விரும்பமாட்டேன்.

பணத்தையும் காணியையும் வாங்கி விற்கும் 'மொனொபொலி' மணிக்கணக்கில் நீள்வது. கடனும் வாடகையும் சிறையும் நிறைந்தது. அதனையும் ஒதுக்கினோம். பந்தயம் வைத்து ஆடுவதற்கு எவ்வகையிலும் இடமில்லை. சூது குடும்பத்தை என்ன செய்யும் என்பதைத் தமிழ் இலக்கியம் கற்றோருக்கு எடுத்துச்சொல்ல வேண்டுவதில்லை. திருக்குறள் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறது. நளன் கதையில் நாட்டை இழந்தவனைப் பற்றியே நாம் பேசுகிறோம். தாய் தந்தையரைப் பிரிந்து விதர்ப்ப நாட்டுக்கு, தாயைப் பெற்ற பாட்டனிடம் அனுப்பப்பட்ட அவ்விரு குழந்தைகளைப் பற்றி அதிகம் எண்ணுவதில்லை. சூதாட்டத்தால் வீட்டை இழந்த பிள்ளைகள் இன்றும் உளர்.

ஆடுபுலி ஆட்டத்தைப் பற்றியே எங்களிடையே கருத்து வேறுபட்டது. 3 புலிகள், 15 ஆடுகள். தனித்து நிற்கும் ஆட்டைப் புலி தாவி வெட்டும்; ஒன்றன்பின் ஒன்றாக ஆடுகள் நெருங்கி நின்றால் தாவ இடமின்றிப் புலி அடைபடும். கொடுமையைக் கண்டு வந்த பிள்ளைகளுக்கு வேட்டையாட்டம் வேண்டாமே என்றார் நண்பர். அச்சத்திற்குரியதைப் பலகையிலிருந்து அகற்றிவிட்டால் அது மனத்திலிருந்தும் அகன்றுவிடுமா என்று நான் கேட்டேன். தாய் வெளியே சென்றபோதெல்லாம் நூல் கட்டிய உருளையை எறிந்தும் இழுத்தும் விளையாடிய தன் பேரக் குழந்தையைப் பற்றிச் சிக்மண்ட் புரொய்ட் 1920இல் எழுதினார். தனக்கு நேர்ந்ததைத் தானே நிகழ்த்துவதன்மூலம் குழந்தை அதனை ஆள முயல்கிறது என்பது அவர் கொண்ட விளக்கங்களுள் ஒன்று. எளிய ஆடுகள் கூடி நின்று புலியைக் கட்டுவதை ஒரு பிள்ளை தன் கையாலேயே செய்துபார்ப்பதில் நன்மை உண்டு என்றே நான் நம்புகிறேன். புலியாக ஆட விரும்பும் பிள்ளையையும் கடிந்துகொள்ளலாகாது. முடிவில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: பலகை அலுமாரியில் இருக்கட்டும், பிள்ளை கேட்டால் எடுத்துக் கொடுப்பது, வளர்ந்தவர் ஒருவர் உடனிருப்பது, எவரையும் அதை ஆடுமாறு வற்புறுத்தாதிருப்பது.

எல்லோரும் ஒரு பக்கத்தில் நின்று ஆடும் ஆட்டங்களும் உள்ளன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஜிம் டீக்கோவ் என்பவர் 1972இல் தொடங்கிய நிறுவனம் இத்தகைய ஆட்டங்களையே செய்து வந்தது. ஜேர்மனியில் 1986இல் வெளிவந்த 'பழத்தோட்டம்' என்னும் ஆட்டம் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும் உகந்தது. நான்கு மரங்கள், மரத்துக்குப் பத்தாக நாற்பது பழங்கள், ஒன்பது துண்டுகளாலான ஒரு காக்கைப் படம். பகடையில் நிறம் விழுந்தால் அந்நிறப் பழமொன்றைப் பறிக்கலாம். கூடை விழுந்தால் இரண்டு பழம். காக்கை விழுந்தால் படத்தில் ஒரு துண்டு சேரும். காக்கை முழுமையடையுமுன் பழங்களைப் பறித்துவிட்டால் எல்லோருக்கும் வெற்றி. வெளிநாட்டுப் பெட்டியின் விலை நமக்கு எட்டாததாயின், மட்டையில் மாவும் கொய்யாவும் மாதுளையும் தோடையும் வரைந்து, நம்மூர்க் காகத்தையே ஒன்பதாக வெட்டிக்கொள்ளலாம். ஒரு வகுப்பு மாணவர்கள் ஒரு சித்திரப் பாடவேளையில் இதனைச் செய்து முடிப்பர்.

எனினும் இவ்வகை ஆட்டங்கள் மட்டும் போதா. நேர்மையாகப் போட்டியிட்டு வெல்வதும், தோற்றபின் எவரும் கைநீட்டாதிருப்பதைக் காண்பதும் இப்பிள்ளைகளுக்கு வேண்டிய அனுபவங்கள். தாயத்தில் ஒரு காய் வெட்டுண்டால் மீண்டும் முதலிலிருந்து புறப்படலாம். பழம் எடுக்கும் நம்பிக்கை முடிந்துவிடுவதில்லை. உடன் ஆடும் பெரியவர்களுக்கு இங்கே ஒரு கடமை உண்டு. இரக்கத்தால் வேண்டுமென்றே தோற்பதும் கூடாது. அவசரத்தால் விதியை மாற்றுவதும் கூடாது. தன் முறை வரும்வரை பெரியவர் காத்திருப்பதையும், தன் காய் வெட்டுண்டபோது அவர் சிரித்தபடி எடுத்து வைப்பதையும் பிள்ளை கூர்ந்து கவனிக்கும். பலம் உள்ளவரையும் கட்டுப்படுத்தும் விதி ஒன்று இவ்வுலகில் உண்டு என்பதைச் சொற்பொழிவால் அப்பிள்ளைக்கு உணர்த்த முடியாது. நான்கு சோழிகளால் உணர்த்தலாம்.

இறுதியாக, பிரிவு. புகலிடம் என்பது தங்கிச் செல்லும் இடம். பிள்ளை புறப்படும்போது பலகையை விட்டுச்செல்ல வேண்டியிருக்கும். இயலுமாயின் சிறிய ஆட்டமொன்றை அதனிடமே கொடுத்தனுப்பலாம். இயலாவிடினும், தாயமும் ஆடுபுலியும் போன்ற நம் பழைய ஆட்டங்களுக்கு ஒரு சிறப்புண்டு. நிலத்தில் கரித்துண்டால் கோடு கீறி, ஒருபுறம் உரைத்த புளியங்கொட்டைகளை உருட்டி எங்கும் ஆடலாம். தலையில் ஏந்திச்செல்லும் ஆட்டத்தை எவரும் பறித்து வைத்துக்கொள்ள முடியாது. இதனாலேயே கடையில் வாங்கும் பெட்டிகளைக் குறைத்து, கற்றுக்கொடுக்கும் ஆட்டங்களைக் கூட்டுமாறு நண்பருக்குச் சொன்னேன்.

விளையாட்டு பிள்ளைகளின் உரிமை என்பதை ஐக்கிய நாடுகள் சபையின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைச் சாசனம் தன் 31ஆம் உறுப்புரையில் ஏற்றிருக்கிறது; இலங்கை அதனை 1991இல் ஏற்று உறுதிசெய்தது. அந்த உரிமை புகலிடத்து அறைக்குள்ளும் செல்லவேண்டும். ஆசிரியர்களும் மாணவர் மன்றத்தினரும் மனம் வைத்தால் மட்டையும் வர்ணமும் துணியும் கொண்டு நல்ல பலகைகளை ஆக்கி, உரிய சமூகசேவை அலுவலர் வழியாக அனுப்பிவைக்கலாம். அவ்வில்லங்கள் எங்குள்ளன என்று வினவ வேண்டாம். கொடுத்ததற்குப் படம் பிடிக்கவும் வேண்டாம். காய்கள் சரியாக உள்ளனவா என்று ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்து அனுப்புங்கள்.