குழந்தையும் மோட்டார் வண்டியும்

சென்னையினின்று பெங்களூர் செல்லும் ராஜபாட்டையில் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூரில் தெற்கே திரும்பி ஒரகடம் வரை செல்வோர், மோட்டார் தொழிலின் பெருமையைக் கண்ணாரக் காணலாம். ஏரியும் கழனியுமாயிருந்த இப்பூமியில் 1998-ம் வருஷம் ஹுண்டாய் கம்பெனியார் தம் முதல் ஸான்ட்ரோ வண்டியை வெளியிட்டனர். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறக்கப்பட்டது. 2013-ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் அங்கே எழுந்தது. இங்கே நம்மவர் கைகளால் உருவாகும் வண்டிகள் கப்பலேறிப் பல கண்டங்களுக்குச் செல்கின்றன.

ஆனால் அதே பாட்டையில், ஆலை விடும் வேளையில் மற்றொரு காட்சியும் உண்டு. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே செல்லும் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கின்மேல் ஒரு குழந்தை. காரின் முன்னாசனத்தில் தாயின் மடியில் மற்றொரு குழந்தை. தகப்பனார் தலையில் கவசமுண்டு. சீட் பெல்ட்டும் சில சமயம் உண்டு. குழந்தைக்கு மட்டும் ஒன்றுமில்லை. உலகத்தார்க்கு வண்டி செய்து தரும் ஊரில், அவ்வண்டியில் ஏறும் நம் குழந்தைக்குக் காவல் இல்லையென்பது சிறு விஷயமா?

சட்டம் இல்லையென்று எவரும் சொல்லவேண்டாம். 2019-ம் வருஷத்து மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 194-பி என்னும் பிரிவைப் புகுத்தியது. பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ, குழந்தைக்குரிய தனி ஆசனமோ இன்றி ஏற்றிச் செல்வோர்க்கு 1,000 ரூபாய் அபராதம் என்று அது விதிக்கிறது. அவ்வருஷம் செப்டம்பர் முதல் தேதி அது அமுலுக்கு வந்தது. மோட்டார் சைக்கிளுக்கும் விதி உண்டு. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுபவருடன் வார்ப்பட்டையால் பிணைக்க வேண்டும். ஒன்பது மாதம் நிரம்பிய குழந்தைக்கு அளவான தலைக்கவசம் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. 2022 பிப்ரவரியில் பிரசுரமான இவ்விதி ஓராண்டு கழித்து அமுலாயிற்று. நம் வாசகர்களில் எத்தனை பேர் இதை அறிவர்?

"தாயின் கையைவிடச் சிறந்த காவல் ஏது?" என்பது நாம் அடிக்கடி கேட்கும் ஆட்சேபம். அன்பு பெரிதுதான், ஆனால் வேகத்தின் கணக்கில் அன்புக்கு இடமில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதி, பத்திலொரு விநாடியில் நின்றுபோனால், பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை அக்கணத்தில் ஏறக்குறைய 140 கிலோ பாரமாக முன்னே பாயும். எந்தத் தாயின் கை அதைத் தாங்கும்? அவ்வேகத்தில் மோதுவது, சுமார் பத்து மீட்டர் உயரத்தினின்று விழுவதற்குச் சமானம். மாடிக் கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்கார வைக்க அஞ்சும் நாம், வண்டியில் மட்டும் அஞ்சுவதில்லை.

அமெரிக்காவில் டென்னஸி ராஜ்யத்தில் 1978-லேயே இதற்கான சட்டம் அமுலுக்கு வந்தது. 1985-க்குள் மற்ற ராஜ்யங்கள் யாவும் பின்பற்றின. கார்களில் தனி ஆசனம் கைக்குழந்தைகளின் மரண அபாயத்தை நூற்றுக்கு 71 பங்கும், ஒன்று முதல் நான்கு வயதுள்ளோர்க்கு 54 பங்கும் குறைப்பதாக அந்நாட்டார் கணக்கிட்டுள்ளனர். நம் உறவினர் வாழும் மலேசியாவில் 2020 ஜனவரி முதல் இது கட்டாயம். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளோர்க்கு வயதையல்ல, உயரத்தை வைத்தே விதி செய்திருக்கிறார்கள். அங்கே இவ்விதிக்குப் பணியும் தமிழர், மீனம்பாக்கத்தில் இறங்கியதும் குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறார்கள்.

நமது சட்டத்தின் குறை இங்கேதான். "சீட் பெல்ட் அல்லது தனி ஆசனம்" என்பதிலுள்ள 'அல்லது' என்னும் சொல்லை வக்கீல்கள் கவனிப்பார்களாக. மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களின் பட்டையை மாட்டிவிட்டாலும் சட்டத்தின் எழுத்து நிறைவேறிவிட்டதென்று வாதிக்க இடமிருக்கிறது. ஆனால் அப்பட்டை அக்குழந்தையின் இடுப்பில் நிற்காமல் வயிற்றில் ஏறும். தோளில் நிற்காமல் கழுத்தை அறுக்கும். கைக்குழந்தையோ, தலை கனத்தும் கழுத்து இளகியும் இருப்பதால், பின்னோக்கி அமையும் ஆசனத்தில்தான் இருக்கவேண்டும். அவ்வாசனத்தையும் காற்றுப்பை இயங்கும் முன்னாசனத்தில் வைத்தல் பேராபத்து. இவ்விவரங்கள் ஒன்றும் பிரிவில் இல்லை. அபராதம் மட்டும் இருக்கிறது.

கம்பெனிகளின் கடமையையும் சொல்லவேண்டும். 2014-லும் 2016-லும் குளோபல் என்கேப் என்னும் சர்வதேச ஸ்தாபனம் இந்திய வண்டிகளை மோதிப் பரீட்சித்தபோது, இப்பிரதேசத்தில் செய்யப்பட்ட சில வண்டிகளும் பெரியோர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அந்த அவமானம் பலன் தந்தது. 2023-ல் ஹுண்டாய் வெர்னா பெரியோர், குழந்தைகள் இரு வகையிலும் ஐந்து நட்சத்திரம் பெற்றது. அவ்வருஷம் அக்டோபரில் பாரத் என்கேப் என்னும் நமது சொந்தப் பரீட்சையும் ஆரம்பமாயிற்று. ஒரகடத்திலேயே மோட்டார் ஆராய்ச்சி நிலையமொன்றும் இருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஒன்றரை வயதும் மூன்று வயதும் உள்ள குழந்தைகளின் அளவான பொம்மைகளைத் தனி ஆசனத்தில் கட்டி வைத்தே அந்த நட்சத்திரங்கள் வழங்கப்படுகின்றன. ஆசனமின்றி வண்டியை மட்டும் வாங்கிச் செல்பவன், பொம்மைக்குக் கிடைத்த நட்சத்திரத்தைத் தன் மகவுக்கும் கிடைத்ததாக எண்ணி ஏமாறுகிறான்.

"என் குழந்தையை எப்படி அழைத்துச் செல்வதென்று சர்க்கார் எனக்குச் சொல்வதா?" என்று கேட்போரும் உண்டு. தகப்பனின் உரிமையை நாம் மதிக்கிறோம். நாமும் மக்களைப் பெற்றவரே. ஆயினும் தன் வழக்கைத் தானே பேச இயலாத கட்சிக்காரன் குழந்தை. அவன் பக்கம் பேசுவதற்கே சட்டம் இருக்கிறது. "விலை அதிகம்" என்பது நியாயமான ஆட்சேபம். சில ஆயிரம் ரூபாய் என்பது ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சுமைதான். ஆகவே அபராதத்தோடு நிற்பது தர்மமாகாது.

நாம் கோருவன இவை. வயதோடு உயரத்தையும் எடையையும் வைத்துச் சர்க்கார் தெளிவான விதி செய்யட்டும். வாடகைக் கார்களுக்கும் வழி சொல்லட்டும். வண்டி விற்போர் குழந்தை ஆசனத்தைக் காட்டி, பொருத்தும் முறையைக் கற்பித்த பின்னரே சாவியைக் கொடுக்கட்டும். பிரசவ ஆஸ்பத்திரிகள் ஆசனங்களை இரவல் தரும் ஏற்பாட்டைத் தொடங்கட்டும். இப்பாட்டையில் ஆலை நடத்தும் முதலாளிகள், தம் தொழிலாளி வீட்டில் குழந்தை பிறந்தால், ஒப்பந்தக்காரர் என்னும் பேதமின்றி, ஓர் ஆசனமோ வார்ப்பட்டையும் சிறு தலைக்கவசமுமோ பரிசளிக்கட்டும். தொழிற்சங்கத்தார் இதைத் தம் கோரிக்கைகளில் ஒன்றாகச் சேர்க்கட்டும்.

அதுவரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. வண்டி வாங்கத் தவணை கட்டுகிறவர் ஆசனத்துக்கும் ஒரு தவணை கட்டலாம். மோட்டார் சைக்கிளில் செல்பவர் நாளையே வார்ப்பட்டை வாங்கலாம். இன்றே வேகத்தைக் குறைக்கலாம். போலீஸ்காரரைக் கண்டு மாட்டும் பட்டை போலீஸ்காரரையே திருப்தி செய்யும்; குழந்தைக்காக மாட்டும் பட்டையே குழந்தையைக் காக்கும்.