நோயுற்ற சேவலும் நமது கடமையும்

விடியற்காலையில் கூவ வேண்டிய சேவல் ஒரு நாள் கூவாமற்போகிறது. வீட்டார் முதலில் அதைக் கவனிப்பதில்லை. பொழுது நன்றாகப் புலர்ந்த பின்னர், இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, வாலைத் தாழ்த்தி, கண்களை மூடியவண்ணம் சுவரோரமாய் நிற்கும் அப்பறவையைக் கண்டதும் பரபரப்பு உண்டாகிறது. பாட்டி மிளகையும் சின்ன வெங்காயத்தையும் அம்மியில் வைக்கிறாள். மகன், தனக்குக் காய்ச்சல் கண்டபோது வாங்கி மிஞ்சிய மாத்திரையில் பாதியைப் பொடி செய்கிறான். இன்றைக்கே அறுத்துவிடுவது உத்தமம் என்று அண்டை வீட்டார் யோசனை கூறுகிறார். அன்று சந்தை நாளாகவும் இருந்துவிட்டால், மற்றக் கோழிகளையாவது கொண்டுபோய்க் காசாக்கிவிடலாமென்று வீட்டுக்காரர் கணக்குப் போடுகிறார். இத்தனை பேரில், சேவலைக் கையில் எடுத்து அதற்கு வந்திருப்பது என்ன என்று பார்த்தவர் ஒருவருமில்லை.

இஃது அற்ப விஷயமென்று நேயர்கள் எண்ணலாகாது. 2019-ஆம் வருஷத்தில் நடந்த 20-வது கால்நடைக் கணக்கின்படி, நமது தேசத்தில் கோழி முதலிய வளர்ப்புப் பறவைகள் 85 கோடிக்கு மேல் இருந்தன. அவற்றுள் சுமார் 31 கோடியே 70 லட்சம், பெரிய பண்ணைகளைச் சேராமல், வீடுகளின் கொல்லைப்புறத்தில் வளர்ந்தவை. நிலமில்லாத குடும்பத்துப் பெண்களுக்கு இக்கோழிகளே கைமுதல். பிள்ளைக்குப் புத்தகம் வாங்குவதும், திடீரென்று நேர்ந்த வைத்தியச் செலவைச் சமாளிப்பதும் பஞ்சாரத்தை நம்பியே நடக்கின்றன. ஒரு சேவலிடம் கண்ட நோய் ஒரு வாரத்தில் தெரு முழுவதையும் காலி செய்துவிடக்கூடும். ஆகவே அச்சேவலை நாம் எவ்விதம் நடத்துகிறோமென்பது, ஒரு வீட்டின் காரியம் மாத்திரமன்று, ஊரின் காரியமாகும்.

நாம் சொல்ல விரும்புவது இதுதான். மருந்துக்கு முன் பரிசோதனை வேண்டும். வீட்டில் தீர்க்கக்கூடிய நோய் எது, எந்த வைத்தியராலும் தீர்க்கமுடியாததாயினும் முன்கூட்டியே தடுக்கக்கூடிய நோய் எது என்ற வித்தியாசத்தை அறிந்துகொண்டால், கோழி வைத்தியத்தில் பாதி கற்றாயிற்று.

முதற் காரியம்

நோயுற்ற சேவலை உடனே பிரித்து, நிழலும் கதகதப்பும் உள்ள ஓர் இடத்தில் தனிப் பஞ்சாரத்தில் வைக்க வேண்டும். அதற்குத் தண்ணீர்ச் சட்டி தனி, தீனித் தட்டு தனி. நல்ல கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, நோயாளியிடம் கடைசியில் போக வேண்டும். திரும்பியவுடன் கைகால்களைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இவ்வேற்பாடு தொத்து நோயைத் தடுப்பதுடன், சேவல் எவ்வளவு தின்கிறது, எவ்வளவு குடிக்கிறது, எப்படி எச்சமிடுகிறது என்பவற்றையும் நமக்குத் தெளிவாகக் காட்டும். கூட்டத்தில் திரியும்போது இவற்றுள் ஒன்றையும் அறிய முடியாது.

பறவைச் சாதிக்கு ஒரு சுபாவம் உண்டு. பலவீனத்தை வெளிக்காட்டினால் பகைப் பிராணியும் தன் இனமுமே தாக்குமாதலால், நோயை இயன்றவரை அது மறைக்கிறது. சேவல் சோர்ந்து நிற்பது நம் கண்ணுக்குப் புலப்படும்போது, நோய் தொடங்கிப் பெரும்பாலும் சில நாட்கள் ஆகியிருக்கும். ஆதலால் ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்பதற்கு இங்கே இடமில்லை.

பரிசோதிக்கும் முறை

இறக்கைகளை உடலோடு அணைத்துச் சேவலை எடுத்து, தலையிலிருந்து கால்வரை ஒழுங்காகப் பார்க்க வேண்டும். உடல் சுடுகிறதே என்று உடனே காய்ச்சல் என முடிவு கட்டிவிடலாகாது. மனிதனுக்கு 98.4 டிகிரி இயல்பென்றால், கோழிக்குச் சுமார் 106 முதல் 107 டிகிரிவரை இயல்பு. ஆரோக்கியமான சேவலும் நம் கைக்குச் சுடவே செய்யும்.

கொண்டையும் தாடியும் சிவந்திருக்க வேண்டும். வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது. பேன், செள்ளு, குடற்புழு ஆகியவற்றைத் தேட வேண்டும். நீலம் பாரித்திருந்தால் மூச்சுக்கோ இரத்த ஓட்டத்துக்கோ தடை ஏற்பட்டிருக்கிறது. அது அபாயக் குறி. கொண்டையிலும் கண்ணோரத்திலும் மருப்போன்ற கொப்புளங்கள் இருந்தால் கோழி அம்மை. வாயைத் திறந்து பார்த்து, மஞ்சள் நிறப் படலம் உண்டா, துர்நாற்றம் உண்டா என்று அறிக. மூக்கில் சளி, மூச்சில் கரகரப்பு, முகத்தில் வீக்கம் ஆகியவை சுவாச நோயைக் காட்டும்.

அடுத்தது, கழுத்தின் அடியில் மார்புக்கு மேலுள்ள தீனிப்பை. மாலையில் இது நிறைந்திருப்பதும், மறுநாள் காலையில் வெறுமையாயிருப்பதும் இயற்கை. காலையிலும் கல்லைப்போல் கெட்டியாயிருந்தால் தீனி அடைத்துக்கொண்டது. தண்ணீர்ப் பைபோல் தளதளத்து, வாயில் புளித்த நாற்றம் வீசினால் உள்ளே தீனி புளித்துவிட்டது.

மார்பெலும்பைத் தடவிப் பார்க்க வேண்டும். இரு பக்கத்திலும் சதை திரண்டிருந்தால் நோய் புதிது. எலும்பு கத்தியின் விளிம்புபோல் துருத்திக்கொண்டிருந்தால், பல வாரங்களாகவே சேவல் இளைத்து வந்திருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை. பின்பு, ஆசனவாயைச் சுற்றியும் இறக்கையின் அடியிலும் இறகுகளை விலக்கிப் பேனும் அதன் முட்டைகளும் உண்டா என்று பார்க்க வேண்டும். கடைசியாக உள்ளங்காலில் கறுத்த பொருக்கும் வீக்கமும் இருந்தால், சேவல் நொண்டுவதற்குக் காரணம் அகப்பட்டுவிட்டது.

எச்சத்தைக் குறித்து நம்மவரிடம் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. வெள்ளையாக எதைக் கண்டாலும் வெள்ளைக்கழிச்சல் என்று அஞ்சுகின்றனர். கோழிக்குச் சிறுநீர் தனியே பிரிவதில்லை. சுண்ணாம்புபோன்ற வெண்பொருளாக எச்சத்தின்மேல் படிந்தே வருகிறது. ஆதலால் பழுப்பு எச்சத்தின்மேல் சிறிது வெண்மை இருப்பது ஆரோக்கியத்தின் அடையாளமே. நீர்த்துப் பச்சை கலந்து வருவதும், இரத்தம் கலந்து வருவதுமே கவலைக்குரியவை. இரத்தக்கழிச்சல் பெரும்பாலும் குஞ்சுகளையும் இளங்கோழிகளையும் தாக்குவது. ஈரமான தரையில் விரைந்து பரவுவது.

வீட்டில் தீர்ப்பவை

நோய் எதுவாயினும் முதல் மருந்து தண்ணீரே. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் அரைத் தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் கரைத்து வைக்கலாம். தானாகக் குடிக்காவிட்டால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வாயைப் பிளந்து மடமடவென்று ஊற்றுவது பெருந்தவறு. நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழலின் வாய் இருப்பதால், ஊற்றிய நீர் நுரையீரலுக்குள் போய்ச் சேவல் நம் கையிலேயே மாண்டுபோகும். நோயினால் சாகாமல் இவ்விதச் சிகிச்சையினால் செத்த கோழிகள் அநேகம்.

தீனி அடைப்புக்கு, ஒரு நாள் தானியத்தை நிறுத்தி, சிறிது தேங்காயெண்ணெயைத் துளித்துளியாகப் புகட்டி, தீனிப்பையை விரல்களால் மெதுவாகப் பிசைந்துவிட்டால் பல சமயம் அடைப்பு இளகும். தலைகீழாகப் பிடித்து உதறுதல் கூடாது; மூச்சடைத்துப்போகும். இரண்டு நாளில் இளகாவிட்டால் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

பேனுக்கும் செள்ளுக்கும் கோழியை மாத்திரம் கவனித்தால் போதாது. சிலவகைச் செள்ளு பகலில் கூண்டின் இடுக்குகளில் பதுங்கியிருந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். கூண்டைக் காலி செய்து வெயிலில் காயவைத்து, இடுக்குகளில் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கோழிகள் புரளுவதற்கு உலர்ந்த மண்ணும் சாம்பலும் கலந்த குழி ஒன்று அமைத்துவிட்டால், பாதி வேலையை அவையே பார்த்துக்கொள்ளும். பயிருக்குத் தெளிக்கும் விஷ மருந்தை இறகில் பூசுவது கொலைக்கொப்பாகும்.

உள்ளங்கால் புண்ணை வெதுவெதுப்பான உப்பு நீரில் ஊறவைத்துக் கழுவி, புண்ணுக்கிடும் அயோடின் மருந்து தடவித் துணி சுற்ற வேண்டும். சீழ் ஆழமாக இருந்தால் கத்தி வைப்பது நம் வேலையன்று. கோழி அம்மைக் கொப்புளங்களைக் கிள்ளலாகாது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து எண்ணெயில் குழைத்துப் பூசினால் ஆறும் வரையில் ஈ மொய்க்காது. மூன்று நான்கு வாரத்தில் பொருக்குகள் தாமே உதிரும். இந்நோயைக் கொசுக்களும் பரப்புகின்றன என்பதால், தேங்கிய நீரை அகற்றுவதும் சிகிச்சையில் சேர்ந்ததே. குடற்புழுவுக்குரிய மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, எடைக்குத் தக்கபடி கொடுக்க வேண்டும்.

பாட்டியின் அம்மியை நாம் இகழவில்லை. சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள், கீழாநெல்லி முதலியவற்றைத் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவ வல்லுநர்களே ஆராய்ந்து துணை மருந்தாகச் சொல்லியிருக்கின்றனர். ஆனால் துணை மருந்து துணையே. அதை நம்பித் தடுப்பு மருந்தைக் கைவிடுவது அறிவுடைமையாகாது.

மகன் பொடி செய்த அரை மாத்திரையோ வேறு சங்கதி. கிருமிக்கொல்லி மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்லுமேயன்றி வைரஸைக் கொல்லமாட்டா. அளவு தெரியாமல் கொடுப்பதனால் கிருமிகளுக்கு அம்மருந்தை எதிர்க்கும் வல்லமை உண்டாகி, நாளை மனிதருக்கே அம்மருந்து பயன்படாமற்போகிறது. இக்காரணம்பற்றியே 2019-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டின் என்னும் மருந்தை உபயோகிப்பதைத் தடை செய்தது.

தடுக்கவே கூடியது

கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், தள்ளாடிச் சுற்றுதல், இறக்கை தொங்குதல், வாய் பிளந்து மூச்சு வாங்குதல், பச்சையும் வெண்மையுமான கழிச்சல் ஆகிய இவை ஒன்றுகூடிக் காணப்பட்டால் வெள்ளைக்கழிச்சல் என்று சந்தேகிக்க வேண்டும். இதற்கு ராணிகேத் நோய் என்று பெயர். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்திலுள்ள நியூகாஸில் நகருக்கருகிலும் கண்டறியப்பட்ட இந்நோய், அதையடுத்து இமயமலைச் சாரலில் குமாயூன் பிரதேசத்து ராணிகேத்தில் காணப்பட்டபடியால், நமது தேசத்தில் அவ்வூர்ப் பெயரையே பெற்றது. தடுப்பு மருந்து போடாத கோழிகளில் நூற்றுக்குத் தொண்ணூறும் சில சமயம் முழுவதும் மடிந்துபோகக்கூடும். வைரஸினால் வருவதாகையால் இதைத் தீர்க்கும் மருந்து இன்றளவும் இல்லை.

ஆனால் நோய்க்குப் பெயர் தந்த அதே குமாயூன் மலைகளிலிருந்தே தடுப்பும் வந்தது. 1893 முதல் முக்தேசுவரத்தில் நடந்துவரும் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில், 1940-களில் இந்நோய்க் கிருமியைப் பக்குவப்படுத்தித் தடுப்பு மருந்து செய்தனர். ஆர்.2.பி. என்ற பெயரால் அது இன்றும் வழங்குகிறது. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ வேறு வகைத் தடுப்பு மருந்து ஒரு துளி; சுமார் எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஆர்.2.பி. ஊசி. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறையார் வேனிலுக்கு முன்னர் பிப்ரவரி மாதத்தில் இதற்கென்றே இலவச முகாம்கள் நடத்தி வருகின்றனர். மருந்து குளிர்ச்சி குறையாமல் வந்து சேர வேண்டும். ஆரோக்கியமான கோழிக்கே போட வேண்டும். நோய் கண்ட பிறகு ஓடிப்போய்ப் போடும் ஊசி, வீடு பற்றியெரிகையில் கிணறு வெட்டுவது போலாம்.

சந்தைக்கு ஓட்டலாமா?

இப்பொழுது சந்தைக்குக் கணக்குப் போட்ட வீட்டுக்காரரிடம் வருவோம். அவர் கெட்டவரல்லர், ஏழை. இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ள நினைக்கிறார். ஆனால் ராணிகேத் கிருமி உடலில் புகுந்து குறி காட்டுவதற்குப் பெரும்பாலும் ஐந்தாறு நாட்கள் ஆகுமாதலால், இன்று நலமாய்த் தோன்றும் அவருடைய கோழிகளும் நோயைச் சுமந்திருக்கலாம். அவற்றை வாங்கிச் செல்கிறவர் யார்? அவரைப்போன்ற மற்றோர் ஏழையே. ஓர் ஊரின் நோய் பத்து ஊருக்குப் பரவுவது சந்தைக் கூடைகளில்தான். தன் நஷ்டத்தைப் பிறன் தலையில் கட்டுவது வியாபாரமாகாது.

செத்த கோழியைத் தெருவிலோ ஏரியிலோ எறியாமல், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். நோயில் செத்ததைச் சமைப்பதும் பங்கு போடுவதும் கூடவே கூடா. ஒரே நாளில் பல கோழிகள் திடீரென்று மடிந்தால், கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும். 2006-ஆம் வருஷம் பிப்ரவரியில் மகாராஷ்டிரத்து நவாபூரில் பறவைக் காய்ச்சல் நமது தேசத்தில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டதிலிருந்து, இது மனித உயிரையும் பற்றிய விஷயமாகிவிட்டது.

கிராமத் தொண்டில் ஈடுபட்ட அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மேடை போட்டுப் பேசவேண்டிய காரியமன்று இது. பிப்ரவரி மாதம் பிறக்குமுன், தத்தம் தெருவில் எத்தனை வீட்டில் கோழி இருக்கிறதென்று எண்ணி, தடுப்பு மருந்து வரும் நாளை அவ்வீட்டுப் பெண்களுக்கு முந்தின நாள் மாலையே சொல்லி, விடியுமுன் கோழிகளைத் திறந்துவிடாமல் அடைத்துவைக்கச் செய்யுங்கள். ஊசி போட வந்தவர் வெறுங்கையுடன் திரும்புவது பெரும்பாலும் கோழிகள் மேயப் போய்விட்டதனாலேயே. இவ்வளவு செய்தால், மறுநாள் விடியலில் சேவல் கூவுவது எல்லா வீட்டிலும் கேட்கும்.