கோடை விடுமுறையில் மண்வெட்டி பிடிக்கும் பள்ளிப் பிள்ளைகள்

சரிவான நிலத்தில் வண்டிப்பாதை வைத்திருக்கும் விவசாயிக்கு, மழை பாதையை எப்படித் தின்னும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் மழையில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு விழும். அடுத்த மழையில் அது வாய்க்கால். அதற்கடுத்த மழையில் டிராக்டர் இறங்க முடியாத பள்ளம். பாதையில் இருந்த நல்ல மண்ணெல்லாம் கீழே ஓடையில் கிடக்கும்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலம். அங்கே கடலை ஒட்டிய தீவொன்றில் அகேடியா தேசியப் பூங்கா இருக்கிறது. மலை பெரிய உயரமில்லை. உச்சியே 1,530 அடிதான். ஆனால் மேலே பாறை, அதன்மேல் மெல்லிய மண். ஒருமுறை அரித்துப் போனால் திரும்ப வராத மண். ஆண்டுக்கு ஏறக்குறைய 40 லட்சம் முறை மனிதக் கால்கள் வந்துபோகும் இந்த இடத்தில் நடைபாதைகளைப் பராமரிக்கும் வேலையில் ஒரு பங்கைச் செய்பவர்கள், பக்கத்து ஊர்களின் பள்ளிப் பிள்ளைகள். கோடை விடுமுறையில் சுமார் எட்டு வாரம். 'யூத் கன்சர்வேஷன் கார்ப்ஸ்' என்ற திட்டத்தின் கீழ், 15 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். சம்பளம் உண்டு.

பூங்கா வேலை என்றதும் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் ஆளுக்கொரு கருவியைத் தூக்கிக்கொண்டு, மதியச் சாப்பாட்டையும் தண்ணீரையும் முதுகில் சுமந்துகொண்டு மலையேற வேண்டும். வேலை நடக்கும் இடம் வரை வண்டி போகாது. கல் புரட்டக் கடப்பாரை, பாதையை மறைக்கும் கிளைகளை வெட்டக் கவாத்துக் கத்தரி, மண் வாரி. இவற்றோடு 'புலாஸ்கி' என்று ஒரு கருவியும் உண்டு. ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் களைக்கொத்து, ஒரே காம்பு. 1910-ல் ஐடஹோ மாநிலத்தில் பெரும் காட்டுத்தீ பரவியபோது, தன்னுடன் இருந்த ஆட்களைச் சுரங்கக் குகைக்குள் அடைத்து உயிர் காத்த எட் புலாஸ்கி என்ற வனக்காவலரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. வேர் குறுக்கே வந்தால் வெட்டலாம், திருப்பிப் பிடித்தால் மண் கொத்தலாம். மலைக்கு இரண்டு கருவி சுமப்பவருக்குத்தான் இதன் அருமை தெரியும்.

எல்லா வேலையும் தண்ணீருக்காக

பாதையைப் பராமரிப்பது என்பது பெரும்பாலும் தண்ணீரை விரட்டும் வேலைதான். சரிவில் விழும் மழைநீர் மிக எளிதான வழியைத் தேடும். மனிதர்கள் நடந்து நடந்து அழுத்திய பாதை, சுற்றியுள்ள காட்டு மண்ணைவிடத் தாழ்ந்தும் இறுகியும் இருக்கும். தண்ணீர் அதில்தான் இறங்கும். நூறு அடி ஓடவிட்டால் வேகம் எடுத்துவிடும். வேகம் எடுத்த தண்ணீர் மண்ணைத் தூக்கிக்கொண்டு போகும். வேகம் எடுக்கும் முன்பே பாதையைவிட்டு வெளியே தள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் கற்றுத்தருவது இதைத்தான்.

அதற்காகப் பாதையின் குறுக்கே கல்வரிசையோ மரக்கட்டையோ புதைக்கிறார்கள். நம் மொழியில் குறுக்குத் தடுப்பு என்று சொல்லலாம். இதை நேர்குறுக்காக வைக்கக் கூடாது. சாய்வாக, சுமார் 45 டிகிரியில் வைக்க வேண்டும். நேர்குறுக்காக வைத்தால் தண்ணீர் முட்டி நின்று வண்டலை அங்கேயே இறக்கிவிடும். இரண்டு மழையில் தடுப்பு மூடிப்போகும், தண்ணீர் மேலேறித் தாண்டிவிடும். சாய்வாக வைத்தால் ஓடும் நீரே வண்டலைத் தள்ளிக்கொண்டு ஓரத்துக்குப் போகும். கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கல் நாலு பேர் மிதித்தால் ஆடிவிடும்.

எவ்வளவு நன்றாக வைத்தாலும் வண்டல் சேரத்தான் செய்யும். அதனால் கோடை முழுக்கப் பிள்ளைகள் செய்யும் வேலைகளில் முக்கியமானது தூர்வாருவது. சேர்ந்த வண்டலை அள்ளிக் காட்டுக்குள் வீசுவதில்லை. அது பாதையிலிருந்து போன மண். திரும்பப் பாதையிலேயே, தடுப்புக்குக் கீழ்ப்புறம் போட்டு மிதித்து இறுக்குவார்கள். போட்டோ எடுக்க ஒன்றுமில்லாத, அடுத்த ஆண்டும் திரும்பச் செய்ய வேண்டிய வேலை. ஏரி வாய்க்கால் தூர்வாரியவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சிரமமில்லை.

அகேடியாவில் நடைபாதைகள் போக, 45 மைல் நீளத்துக்குக் குதிரைவண்டிச் சாலைகளும் உள்ளன. ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியர் என்ற செல்வந்தர் 1913 முதல் 1940 வரை போட்டவை. மூன்று அடுக்காகக் கல் பரப்பி, நடுவில் 6 முதல் 8 அங்குலம் உயர்த்தி, மழைநீர் இரு ஓரமும் வடியும்படி கட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் வடிகால், குறுக்கே கல்மதகு. ஒரு நூற்றாண்டாக நிற்கும் அந்தச் சாலைக்கு முதல் எதிரி மரத்தின் சருகு. சருகு வடிகாலை அடைத்தால் தண்ணீர் சாலைமேல் ஏறும். ஆண்டுதோறும் நவம்பர் முதல் சனிக்கிழமை உள்ளூர் மக்கள் வாரியும் கையுமாகத் திரண்டு வடிகால்களில் சருகு அள்ளுகிறார்கள்.

வடிகால் இருந்தும் தாங்காத மழையும் உண்டு. 2021 ஜூன் 9 அன்று மூன்று மணி நேரத்தில் 5 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. ஏறக்குறைய 10 மைல் வண்டிச்சாலை சேதமானது. நூறு ஆண்டுக்கு முந்தைய மழையைக் கணக்கிட்டு வைத்த மதகுகளுக்கு இன்றைய மழை அதிகம் என்பது அங்கேயும் இன்று பேசப்படும் விஷயம்.

முகாம் பையன்களும் கூன் பள்ளத்தாக்கு விவசாயிகளும்

இளைஞர்களைக் கூலி கொடுத்து மண் காக்க அனுப்பும் வழக்கம் அமெரிக்காவில் 1933-ல் பெரிதாகத் தொடங்கியது. பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம். அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 'சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ்' என்ற படையை ஆரம்பித்தார். முதலில் 18 முதல் 25 வயது வரையுள்ள, மணமாகாத, வேலையற்ற இளைஞர்கள் சேர்க்கப்பட்டார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். பையன் கையில் ஐந்து டாலர். 1942 வரை சுமார் 30 லட்சம் பேர் இதில் வேலை பார்த்தார்கள். 300 கோடிக்கும் அதிகமான மரக்கன்றுகள் நட்டார்கள். அகேடியாவிலும் இரண்டு முகாம்கள் இருந்தன. அவர்கள் அடுக்கிய கற்படிகளில் இன்றும் ஆட்கள் ஏறுகிறார்கள். பெண்களுக்கு அந்தப் படையில் இடமில்லை. கறுப்பின இளைஞர்களுக்குத் தனி முகாம் என்ற அநியாயமும் இருந்தது.

விவசாயிகள் கவனிக்க வேண்டிய கதை, விஸ்கான்சின் மாநிலத்தின் கூன் பள்ளத்தாக்கில் நடந்தது. செங்குத்தான சரிவுகளில் மேலிருந்து கீழாக உழுது உழுது, மண் போய், ஓடைகள் வண்டலால் நிரம்பிக்கிடந்த பகுதி அது. 1933-ல் அங்கே ஹியூ பென்னட் தலைமையிலான மண் அரிப்புத் தடுப்புத் துறை, நாட்டின் முதல் நீர்ப்பிடிப்புப் பகுதி மாதிரித் திட்டத்தைத் தொடங்கியது. விவசாயி ஐந்து ஆண்டுக்கு ஒப்பந்தம் போட வேண்டும்: சமமட்டக் கோட்டில் உழவு, பட்டை பட்டையாக மாற்றுப்பயிர், செங்குத்துச் சரிவில் மாடு மேய்க்கக் கூடாது. பதிலுக்கு விதை, சுண்ணாம்பு, வேலிக்கம்பி கிடைக்கும். முகாம் இளைஞர்களின் உழைப்பும் கிடைக்கும். அவர்கள் பள்ளங்களை அடைத்தார்கள், வேலி போட்டார்கள், மரம் நட்டார்கள். நிலம் விவசாயியுடையது, ஆள்பலம் அரசு தந்தது. சரிவைச் சுற்றி வளைந்து போகும் அந்தப் பயிர்ப் பட்டைகளை இன்றும் அங்கே காணலாம்.

போர் வந்ததும் படை கலைந்தது. 1955-ல் எலிசபெத் குஷ்மன் என்ற கல்லூரி மாணவி, பூங்காக்களில் மாணவர்களை வேலைக்கு அனுப்பலாமே என்று தன் ஆய்வுக் கட்டுரையில் எழுதினார். எழுதியதோடு நிற்காமல் 1957-ல் முதல் மாணவர் குழுக்களைக் களத்தில் இறக்கியும் காட்டினார். செனட்டர் ஹென்றி ஜாக்சன் முன்னின்ற சட்டம் 1970-ல் நிறைவேறி, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கான திட்டம் வந்தது. இதில் ஆரம்பம் முதலே ஆண், பெண் இருபாலரும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் தனி நிதி வெட்டப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு பூங்காவும் தன் பணத்தில் முடிந்த அளவுக்கு நடத்துகிறது. அகேடியாவில் நன்கொடையாளர்கள் 1999-ல் ஒரு வைப்புநிதி ஏற்படுத்தியதால், அதன் வருமானத்திலிருந்து பிள்ளைகளுக்குக் கூலி போகிறது. அரசுப் பணம் வந்தாலும் வராவிட்டாலும் தூர்வாருவது நிற்காது. நம் ஊர்ப் பொதுக்குளங்களுக்கும் யாராவது இப்படி யோசிக்கலாம்.

கூலியும் சட்டமும்

பிள்ளைகளை வேலைக்கு வைப்பது என்றாலே நமக்கு ஒரு தயக்கம் வரும். வர வேண்டியதுதான். அங்கே இந்தத் திட்டத்தில் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுக்க முடியாது. கூட்டாட்சிக் கணக்கில் அது 2009 முதல் மணிக்கு 7.25 டாலர், மாநிலத்தின் கூலி அதைவிடக் கூடுதல் என்றால் கூடுதலானதையே தர வேண்டும். 18 வயது நிரம்பாதவர் கையில் செயின்சா கொடுக்கக் கூடாது, கைவாள் மட்டும்தான். தலைக்கவசம், கையுறை, கண்ணாடி கட்டாயம். பள்ளி திறந்தால் வேலை முடிந்தது.

ஆனால் அதே நாட்டில், பெற்றோரின் சொந்தப் பண்ணையில் பிள்ளைகள் எந்த வயதிலும் எந்த வேலையும் செய்யலாம் என்று கூட்டாட்சிச் சட்டம் விலக்கு தருகிறது, டிராக்டர் ஓட்டுவது உட்பட. அங்கே பண்ணை உயிரிழப்புகளுக்கு முதல் காரணமே டிராக்டர் கவிழ்வதுதான். பூங்காவில் செயின்சா கூடாது, அப்பாவின் பண்ணையில் டிராக்டர் பரவாயில்லை என்பது என் கணக்குக்கு ஒத்துவரவில்லை. இதே மெய்ன் மாநிலத்தின் வடக்கே ஆரூஸ்டுக் மாவட்டத்தில், உருளைக்கிழங்கு தோண்டும் பருவத்துக்குப் பள்ளிக்கு விடுமுறை விடும் பழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. பெரிய இயந்திரங்கள் வந்தபின் அதுவும் குறைந்துவருகிறது.

நம் நாட்டில் 14 வயது நிறையாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம். 14 முதல் 18 வயது வரை அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது. 2016-ல் திருத்தப்பட்ட சட்டம் சொல்வது இது. விடுமுறையில் பிள்ளையைத் தோட்டத்துக்கு அழைத்துப்போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தோட்டப் பாதைக்கு

மலையடிவாரத்திலோ மேட்டுநிலத்திலோ பாதை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பிள்ளைகள் கற்கும் கணக்கு அப்படியே உதவும்.

புதிதாகப் பாதை வெட்டுகிறீர்கள் என்றால் மேட்டிலிருந்து நேராகக் கீழே இறக்காதீர்கள். சுற்றிக்கொண்டு போகட்டும். நூறு அடி தூரத்துக்குப் பத்து அடி ஏற்றம் என்பது பாதை தாங்கும் அளவு. அதோடு, பாதையின் ஏற்றம் பக்கச் சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போனால் தண்ணீர் பாதையைவிட்டு இறங்க வழியில்லாமல் பாதையிலேயே ஓடும். பாதையின் மேற்பரப்பைப் பள்ளப் பக்கமாக லேசாகச் சாய்த்து வையுங்கள். நூற்றுக்கு ஐந்து போதும். வெளியோரத்தில் மண்வரப்பு போல மேடு சேர்ந்துவிடுவது வழக்கம். அதை வெட்டி எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பழைய பாதை என்றால் சாய்வான குறுக்குத் தடுப்புகள் வையுங்கள். வண்டி போகும் இடத்தில் கல்லுக்குப் பதில் அகலமான தாழ்வும் அதை ஒட்டி ஒரு மண்மேடுமாக அமைத்தால் சக்கரம் குலுங்காமல் ஏறி இறங்கும். ஏற்றம் கூடக்கூடத் தடுப்புகள் நெருங்கி வர வேண்டும். தண்ணீர் வெளியேறும் வாய் அகலமாக இருக்கட்டும்; குறுகிய வாய் ஒரே ஒரு தேங்காய் மட்டையில் அடைத்துக்கொள்ளும். வெளியேறும் நீர் பக்கத்து நிலத்துக்காரர் வயலில் பாயாமல், கல் பரப்பிய இடத்திலோ புல் உள்ள இடத்திலோ பரவ வேண்டும்.

எங்கே தடுப்பு வைப்பது என்று வெயிலில் நின்று யோசித்தால் தெரியாது. நல்ல மழை பெய்யும்போது, இடி இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு மண்வெட்டியோடு பாதையின் உச்சியிலிருந்து கீழ்வரை நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே பாதைக்குள் நுழைகிறது, எங்கே வேகம் பிடிக்கிறது என்று அப்போது தெரியும். அந்த இடங்களில் குச்சி நட்டு வையுங்கள். மண் கொஞ்சம் காய்ந்ததும் வேலையைத் தொடங்கலாம். ஏற்கெனவே தடுப்பு வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும், மழை ஓய்ந்தபின் ஒருமுறையும் வண்டலை அள்ளிவிடுங்கள்.