திரையில் ஒரு நம்மூர் முகம்

2019ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், 'பிக் பாஸ்' தமிழ் நிகழ்ச்சியின் மூன்றாம் பருவத்தில் மலேசியாவைச் சேர்ந்த முகேன் ராவ் வாகை சூடினார். சென்னையில் அமைக்கப்பட்ட ஒரு வீட்டுக்குள் நூறு நாளுக்கும் மேலாக வெளியுலகத் தொடர்பின்றி வாழ்ந்த போட்டியாளர்களுள் அவரும் ஒருவர். தமிழ்நாட்டு நேயர்களுக்கு அஃது இன்னொரு பருவத்தின் முடிவு. மலேசியத் தமிழ் இளையோருக்கோ அது வெறும் போட்டி முடிவாக இருக்கவில்லை. தங்கள் நாட்டிலேயே வளர்ந்த ஒருவர், உலகத் தமிழர் பார்க்கும் திரையில் முதலிடம் பெற்றிருந்தார். உண்மைநிலை நிகழ்ச்சிகள் இந்திய இளையோரை ஏன் இவ்வளவு ஈர்க்கின்றன என்னும் வினாவுக்கு விடையின் ஒரு பகுதி இங்கேயே இருக்கிறது.

எழுதி வைத்த கதையும் நடிகர்களும் இல்லாமல், உண்மையான மனிதர்களை உண்மையான போட்டியிலோ சூழலிலோ வைத்துக் காட்டுவதே உண்மைநிலை நிகழ்ச்சி. பேச்சு வழக்கில் இதனை 'ரியாலிட்டி ஷோ' என்பர். இதில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. ஒன்று, பாடல், நடனம் போன்ற திறமைகளைச் சோதிப்பது. மற்றொன்று, மனிதர்களை ஒரே கூரையின்கீழ் வாழவிட்டு அவர்களின் உறவையும் பிணக்கையும் படம்பிடிப்பது. இரண்டாம் வகைக்கு வித்திட்டது 1999இல் நெதர்லாந்தில் தொடங்கிய 'பிக் பிரதர்'. எந்நேரமும் மக்களைக் கண்காணிக்கும் ஆட்சியைப் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் எழுதிய நாவலிலிருந்து எடுக்கப்பட்ட பெயர் அது. அச்சமூட்டுவதற்காக எழுதப்பட்ட ஒன்று பொழுதுபோக்காக மாறியது வியப்புக்குரியதே. தமிழில் விஜய் தொலைக்காட்சியின் 'சூப்பர் சிங்கர்' 2006இலும், கமல்ஹாசன் தொகுத்து வழங்கிய 'பிக் பாஸ்' 2017இலும் தொடங்கின.

ஜொகூரில் வாழும் தமிழர்களுக்கு இத்தகைய நிகழ்ச்சிகள் ஒரு திசையிலிருந்து மட்டும் வந்து சேரவில்லை. ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் இருப்பது ஒரு பாலம் அளவு தூரமே. அதனால் மாசாய், ஸ்கூடாய் போன்ற இடங்களில் வீட்டுக் கூரையில் ஏற்றிய ஏரியலிலேயே சிங்கப்பூரின் அலைவரிசைகள் பல்லாண்டுகளாகக் கிடைத்து வந்தன. அந்நாட்டின் தமிழ் அலைவரிசையான வசந்தம் நடத்திய 'வசந்தம் ஸ்டார்' பாடல் போட்டியைக் கடலுக்கு இப்பாலிருந்தும் பார்க்க முடிந்தது. மறுபுறம், 1996இல் ஒளிபரப்பைத் தொடங்கிய அஸ்ட்ரோவின்வழி வானவில் அலைவரிசையும், பின்னர்த் தமிழ்நாட்டு அலைவரிசைகளும் வீட்டுக்குள் வந்தன. குளுவாங், சிகாமட் போன்ற உட்பகுதிகளில், சிங்கப்பூர் அலை எட்டாத வீடுகளுக்கும் செயற்கைக்கோள் தட்டு அந்தத் திரையைக் கொண்டு சேர்த்தது. ஆக, ஒரே வீட்டில் மூன்று நாடுகளின் தமிழ் ஒலித்தது.

இந்த மூன்று தமிழும் ஒன்றல்ல என்பதை இளையோர் நன்கு அறிவர். மலேசியாவில் காலையில் ஒருவரைக் கண்டால் 'பசியாறியாச்சா?' என்று கேட்பது வழக்கம். சென்னைத் தொடர்களில் அப்படி யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டுத் திரைப்படங்களையும் நெடுந்தொடர்களையும் பார்த்து வளரும் மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள், அவற்றிலுள்ள தெருக்களையும் கல்லூரிகளையும் பேச்சையும் வேறொரு நாட்டுடையவையாகவே காண்கின்றனர். உள்நாட்டின் பொதுத்திரையிலோ, மக்கள்தொகையில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேராக உள்ள ஓர் இனத்தவருக்குக் கிடைக்கும் இடம் குறைவு. கதாநாயகன், கதாநாயகி ஆகிய இடங்கள் இவ்விரு திரைகளிலும் பெரும்பாலும் வேறொருவருக்கே உரியவை. உண்மைநிலை நிகழ்ச்சி இந்த இடைவெளியில்தான் நுழைகிறது. அதில் கலந்துகொள்ளத் திரைத்துறைக் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை. தேர்வு நடக்கும் மண்டபத்துக்கு வெளியே நீண்ட வரிசையில் நின்றால் போதும்.

அந்த வரிசையில் நின்றவர்களுள் ஜாக்லின் விக்டர் குறிப்பிடத்தக்கவர். பிரிட்டனின் 'பாப் ஐடல்' நிகழ்ச்சியைப் பின்பற்றி 2004இல் நடைபெற்ற முதல் 'மலேசியன் ஐடல்' போட்டியில் வென்றவர் இந்த இந்தியப் பெண்தான். நடுவர்கள் கருத்துரைப்பர், ஆனால், இறுதியில் தீர்மானிப்பவர்கள் நேயர்களே என்பது அப்போட்டியின் விதி. நூற்றுக்கு ஏழு பேரின் வாக்கை மட்டும் கொண்டு ஒரு நாடளாவிய போட்டியில் வெல்ல இயலாது. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் கைப்பேசியை எடுத்து வாக்களித்ததால்தான் அவ்வெற்றி கிடைத்தது. அவர் பாடிய 'கெமிலாங்' என்னும் மலாய்ப் பாடல் பின்னர் 'அனுகெரா ஜுவாரா லாகு' விருதையும் பெற்றது.

அடுத்த ஆண்டே ஜொகூர் ஒரு வெற்றியாளரைத் தந்தது. கூலாயில் உள்ள ஃபெல்டா தாயிப் அண்டாக் குடியேற்றத்தைச் சேர்ந்த மாவி, 2005இல் 'அகாடெமி ஃபந்தாசியா'வின் மூன்றாம் பருவத்தில் வென்றார். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள ஒரு குடியேற்றத்திலிருந்து ஓர் இளைஞர் நாட்டின் பெரும் புகழுக்கு உயர்ந்த கதை, இன வேறுபாடின்றி ஜொகூர் மக்களின் பேச்சில் இடம்பெற்றது. தோட்டப்புற வாழ்க்கையை அறிந்த இந்தியக் குடும்பங்களுக்கு அந்தக் கதையின் பொருள் எளிதாகவே விளங்கியிருக்கும்.

அமெரிக்க ஆய்வாளர்களான ஸ்டீவன் ரைஸ், ஜேம்ஸ் வில்ட்ஸ் ஆகிய இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறொரு கோணத்திலிருந்து விளக்குகிறது. உண்மைநிலை நிகழ்ச்சிகளை விரும்பிப் பார்ப்போரிடம் மற்றவர்களைவிட ஓங்கி நிற்பது, மதிப்பும் முக்கியத்துவமும் பெற வேண்டும் என்னும் நாட்டமே என்று அவர்கள் கண்டனர். சாதாரண மனிதர் ஒருவர் ஒரே பருவத்தில் புகழ் பெறுவதைக் காணும்போது, 'நானும் அந்த இடத்தில் நிற்கலாமே' என்ற எண்ணம் பார்ப்பவரின் உள்ளத்தில் எழுகிறது. தேர்வுத்தாள், மதிப்பெண், வேலை நேர்காணல் என எங்கும் பிறரால் மதிப்பிடப்படும் பதினாறு வயதினர், இங்கு மட்டும் பிறரை மதிப்பிடும் இடத்தில் அமர்கின்றனர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேர்தலில் வாக்களிக்கும் வயதை எட்டாத ஒருவருக்குத் தன் விரல் நுனியால் யாரையோ வெளியேற்றவும் காப்பாற்றவும் முடிகிறது. அந்த உணர்வின் வலிமையைப் பெரியோர் பலர் குறைத்தே மதிப்பிடுகின்றனர்.

நெருக்கமும் ஒரு காரணம். திரையில் தோன்றுபவரை அன்றாடம் காணும் நேயர், அவரை நேரில் அறிந்த நண்பராகவே எண்ணத் தொடங்குகிறார். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்னும் இரு அறிஞர்கள் 1956லேயே இந்த ஒருவழி உறவைப் பற்றி எழுதினர். ஒரு திரைப்பட நாயகனுடன் இந்த உறவு இரண்டரை மணி நேரம் நீடிக்கும். பிக் பாஸ் வீட்டில் இருப்பவருடன் மூன்று மாதத்துக்கும் மேலாக, நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நீடிக்கிறது. அவர் உறங்கி எழுவது, பல் துலக்குவது, அழுவது, சமைக்கும் முறைக்காகச் சண்டையிடுவது எல்லாம் நேயருக்குத் தெரியும். முதல் பருவத்தில் நடிகை ஓவியாவுக்காக இணையத்தில் 'ஓவியா ஆர்மி' என்ற பெயரில் இளையோர் திரண்டது இந்த நெருக்கத்தின் விளைவே. மேலும், பாட்டி, தாய், பேரப்பிள்ளை என மூன்று தலைமுறையும் சேர்ந்து பார்த்து வாதிடும் தமிழ் நிகழ்ச்சி இன்று வேறு எத்தனை உண்டு? மறுநாள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் அந்த வாதம் தொடர்கிறது. நிகழ்ச்சியைப் பார்க்காதவர் அப்பேச்சில் ஒதுங்கி நிற்க வேண்டியதாகிறது.

இவ்வளவு ஈர்ப்பும் 'இது உண்மை' என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது. ஆகவே, அந்த உண்மை எப்படி உருவாகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். பிக் பாஸ் வீட்டின் கேமராக்கள் ஒரு நாளில் 24 மணி நேரமும் இயங்குகின்றன. அன்றாடத் தொகுப்பில் திரைக்கு வருவது ஏறத்தாழ ஒரு மணி நேரம். மீதி 23 மணி நேரம் எங்கே போயிற்று? ஒருவர் பத்து முறை பிறருக்கு உதவிவிட்டு ஒரு முறை கோபப்பட்டால், எதைக் காட்டுவது என்று தீர்மானிப்பவர் தொகுப்பாளர். அந்தக் கோபத்துக்கு முன்னால் நடந்த தூண்டுதலை நீக்கிவிட்டால் அவர் முரடராகத் தெரிவார். சேர்த்துவிட்டால் பொறுமைசாலியாகத் தெரிவார். பின்னணி இசையும், மற்றவர்களின் முகத்தை அருகில் காட்டும் காட்சியும் நேயர் எப்போது சிரிக்க வேண்டும், எப்போது வருந்த வேண்டும் என்பதைக் கூறிவிடுகின்றன. திறமைப் போட்டிகளில் பாடலுக்கு முன் பாடகரின் வறுமையும் இழப்பும் ஒரு குறும்படமாக ஓடும். குரலைக் கேட்கும் முன்பே நேயர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார். கேமராமுன் நிகழ்வது பொய்யன்று. ஆனால், அது தேர்ந்தெடுத்துக் கோக்கப்பட்ட உண்மை.

இளையோருக்கு இது தெரியாது என்று எண்ணுவது தவறு. எந்தச் சண்டை திட்டமிடப்பட்டது, எந்தக் கண்ணீர் விளம்பர இடைவேளைக்காக நிறுத்தி வைக்கப்பட்டது என்று ஊகிப்பதே அவர்களுக்கு ஒரு விளையாட்டு. கைப்பேசியில் தாங்களே காணொளி எடுத்து, வெட்டி, இசை சேர்த்துப் பழகிய தலைமுறை இது. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. நிகழ்ச்சி தொகுக்கப்பட்டது என்று அறிந்திருந்தும், அதில் தோன்றியவர்மீது கொள்ளும் வெறுப்பை மட்டும் அவர்கள் உண்மையாகவே வெளிப்படுத்துகின்றனர்.

அதன் விலை சில நேரங்களில் மிகப் பெரிது. ஜப்பானில் 'டெரஸ் ஹவுஸ்' என்னும் நிகழ்ச்சியில் பங்கேற்ற 22 வயது மல்யுத்த வீராங்கனை ஹானா கிமுரா, ஒரு காட்சிக்காக இணையத்தில் ஓயாத வசைக்கு ஆளானார். 2020 மே மாதம் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. பிறரை இழிவுபடுத்துவதற்கான தண்டனையை ஜப்பான் 2022இல் கடுமையாக்கியது. வசை எழுதியவர்களுள் யாரும் அவரை நேரில் அறிந்திருக்க வேண்டியதில்லை. தொகுக்கப்பட்ட சில நிமிடங்களே அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன. மலேசியாவிலும் பிறரைத் துன்புறுத்தும் நோக்கில் இணையத்தில் இழிவானவற்றைப் பதிவிடுவது 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும்.

சிறுவர் பங்கேற்கும் போட்டிகளிலும் இதே கவலை உண்டு. பெரியவர்களுக்கான திரைப்பட அசைவுகளைச் சிறுவர்களை ஆடவைக்கும் நடன நிகழ்ச்சிகள் குறித்து 2019 ஜூன் மாதம் இந்தியாவின் தகவல், ஒலிபரப்பு அமைச்சு தனியார் அலைவரிசைகளுக்கு அறிவுரை வழங்கியது. பத்து வயதுப் பிள்ளை தோல்வியடைந்து அழுவதை நெருக்கமாகக் காட்டி, அதையே அடுத்த வாரத்தின் முன்னோட்டமாகவும் ஒளிபரப்புவது எந்தத் திறமையை வளர்க்கிறது என்பதை அலைவரிசைகள்தாம் விளக்க வேண்டும்.

வாகை சூடியவர்களின் பிற்கால வாழ்வு திரையில் அவ்வளவாகக் காட்டப்படுவதில்லை. வெற்றியாளரை அறிவித்த சில மாதங்களில் அடுத்த பருவம் தொடங்கிவிடும். புதிய முகங்கள் வந்துவிடும். 'வசந்தம் ஸ்டார்' போட்டியில் 2005இல் வென்றவர் சிங்கப்பூரைச் சேர்ந்த ஷபீர். அதன்பின் அவர் பாடல்கள் எழுதினார், இசையமைத்தார், சிங்கப்பூரின் தேசிய நாளுக்கான தமிழ்ப் பாடலை உருவாக்கினார். குறுந்தொகைப் பாடலொன்றைத் தழுவி, 'சகா' என்னும் திரைப்படத்துக்காக அவர் இசையமைத்த பாடல் தமிழ்நாட்டு இளையோரின் கைப்பேசிகளில் ஒலிக்கத் தொடங்கியது. அத்திரைப்படம் வெளிவந்த ஆண்டு 2019. போட்டியில் வென்று அப்போது பதினான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.