மூஞ்சூறு எலி அல்ல

வடாலா தோட்டங்களில் இரவில் ஓடுவது எது? தெரிந்துகொண்டு தடியை எடுப்பது நல்லது

இரவு ஒன்பது மணி. வடாலாவின் ஒரு ஹவுசிங் சொசைட்டி. தரைத்தள வீட்டின் பின்னால் நாலு வாழை, ஒரு கறிவேப்பிலை, தொட்டியில் துளசி. அவற்றுக்கிடையே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று சுவரை ஒட்டி விரைகிறது. "எலி!" என்று ஒரு குரல். துடைப்பத்துடன் ஒருவர், டார்ச்சுடன் ஒருவர். மறுநாள் காலை மருந்துக் கடையில் எலிப் பாஷாணம் வாங்கப்படுகிறது. இரண்டு நாள் கழித்துத் தோட்டத்தில் செத்துக் கிடப்பது ஓர் அணில். ஓடியதோ மூஞ்சூறு. சுவரோரம் குழி பறித்த பெருச்சாளிக்கு எந்தச் சேதமும் இல்லை.

மும்பையில் வருடம் முழுவதும் நடக்கும் கதை இது. நாலு கால், நீண்ட வால் உள்ள சிறு பிராணிகள் எல்லாமே நகரவாசிக்கு எலிதான். ஆனால் இந்த நகரத்தில், அதிலும் வடாலாவில், ஓர் எலிக்கும் மற்றோர் எலிக்கும் வித்தியாசம் தெரிவது ஒரு காலத்தில் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. இன்றும் அது வெறும் பொழுதுபோக்கு அல்ல.

சொல்லப்போனால், வடாலா இன்றைய வடிவத்தில் இருப்பதற்கே எலிதான் காரணம். 1896 செப்டம்பரில் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வியில் பிளேக் நோய் பரவியிருப்பதை டாக்டர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்தார். லட்சக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினார்கள். இருண்ட, காற்றுப் புகாத குடியிருப்புகளை இடித்து அகலமான தெருக்களும் புதிய குடியிருப்புகளும் அமைப்பதற்காக 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் பிறந்தது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் வயலும் தோப்பும் திட்டமிட்ட புறநகராக மாறியது அந்த டிரஸ்டின் கைவண்ணம்தான். அதன் பொறியாளராக இருந்த மஞ்சேர்ஜி ஜோஷி, பார்சி நடுத்தரக் குடும்பங்களுக்காக 103 மனைகளைப் பெற்று உருவாக்கியது தாதர் பார்சி காலனி. மாலையில் வடாலா, மாட்டுங்காவாசிகள் நடை பழகும் ஃபைவ் கார்டன்ஸ் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. எலியிடமிருந்து தப்பி வந்தவர்களுக்காகப் போட்ட தோட்டங்கள் இவை. எலிகளும் பின்னாலேயே வந்து சேர்ந்தன.

பிளேக்குக்கும் எலிக்கும் என்ன தொடர்பு என்பது அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. வீட்டுக்குள் எலிகள் செத்து விழுந்தால் அடுத்து மனிதர்கள் சாவார்கள் என்பது மட்டும் மக்களுக்குத் தெரிந்திருந்தது. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சிதான் கிருமியைக் கடத்துகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் 1898இல் கராச்சியில் செய்த சோதனையில் காட்டினார். பலர் நம்பவில்லை. 1905இல் வேலையைத் தொடங்கிய பிளேக் ஆராய்ச்சிக் குழு, பரேலில் உள்ள பழைய கவர்னர் மாளிகையில் இயங்கிய ஆய்வுக்கூடத்தில் இதை உறுதி செய்தது. பிளேக் தடுப்பூசியைக் கண்டுபிடித்து 1897 ஜனவரியில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்த வால்டமார் ஹாஃப்கினின் கூடம் அது. 1925 முதல் ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட் என்று அவர் பெயரிலேயே வழங்குகிறது.

அந்தக் குழு செய்த காரியங்களில் ஒன்று, நகரெங்கும் பிடிபட்ட எலிகளை இனம் பிரித்துப் பார்த்தது. விளைவு ஆச்சரியமானது. முதலில் சாக்கடையில் வாழும் பழுப்பு எலிகளிடையே பிளேக் பரவியது. சுமார் 10 நாள் கழித்து வீட்டுக்குள் வாழும் கறுப்பு எலிகள் சாகத் தொடங்கின. அதன்பின் 10 முதல் 14 நாளில் மனிதர்கள். அதாவது, எந்த எலி செத்துக் கிடக்கிறது என்று பார்த்தே ஆபத்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட முடிந்தது.

இன்று வடாலாவில் ஒருவர் கண்ணில் படக்கூடியவை முக்கியமாக ஆறு. முதலாவது, எலியே அல்லாத மூஞ்சூறு. நீண்டு கூர்த்து, எப்போதும் துடித்துக்கொண்டிருக்கும் மூக்கு, குண்டூசித் தலை போன்ற கண், அடி பருத்த வாலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீண்ட மயிர். சுவரை ஒட்டியே ஓடும். 'கீச் கீச்' என்று சில்லறை குலுங்குவது போல் சத்தமிடும். பக்கவாட்டுச் சுரப்பிகளிலிருந்து வரும் கஸ்தூரி போன்ற நெடி, அது போனபின்னும் அங்கேயே நிற்கும். மராத்தியில் இதற்குச் 'சிச்சுந்தரி' என்று பெயர். உறவுமுறையில் இது முள்ளெலிக்குப் பக்கம். எலிகள், அணில்கள் அடங்கிய கொறிப்பன குலத்தில் சேராது. கொறிப்பதற்கான உளிப் பற்கள் இதற்குக் கிடையாது. முக்கிய உணவு கரப்பான், வண்டு, புழு, பூச்சி. குட்டிகளை இடம் மாற்றும்போது தாயின் வாலடியை ஒரு குட்டி கவ்வ, அதன் பின்னால் இன்னொன்று கவ்வ, ரயில் பெட்டி போல வரிசையாக நகர்வதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பலர் அதைப் பாம்பு என்று நினைத்து அலறியதும் உண்டு.

இரண்டாவது, சுண்டெலி. உடல் 7 முதல் 10 சென்டிமீட்டர், எடை 15 முதல் 25 கிராம். வால் கிட்டத்தட்ட உடலின் நீளமே இருக்கும். புழுக்கை அரிசிமணி அளவு. இதில் ஒரு குழப்பம் நேர்வதுண்டு. எலிக்குஞ்சைப் பார்த்துச் சுண்டெலி என்று விட்டுவிடுவார்கள். உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலையும் பெரிய பின்னங்கால்களும் இருந்தால் அது வளரப்போகும் எலி.

மூன்றாவது, வீட்டெலி எனப்படும் கறுப்பு எலி. பெயர்தான் கறுப்பு, பெரும்பாலும் பழுப்பு நிறம். பார்க்க வேண்டியது வாலை. உடலை விட வால் நீளம். காது பெரிது, மெல்லியது. மூக்கு கூர்மை. குழாய், கேபிள், தென்னை மரம் எதிலும் ஏறும். பரணிலும் மாடியிலும் சத்தம் கேட்டால் இதுதான்.

நான்காவது, சாக்கடை எலி என்ற பழுப்பு எலி. வால் உடலை விடக் குட்டை, மேலே கருத்தும் கீழே வெளிறியும் இருக்கும். மூக்கு மழுங்கல், காது சிறியது. எடை 200 முதல் 400 கிராம். கப்பலேறி உலகைச் சுற்றிய இனம் என்பதால் இந்தியாவில் இது பெரும்பாலும் துறைமுக நகரங்களில்தான் காணப்படுகிறது. கிழக்கே துறைமுக நிலங்களை வைத்துக்கொண்டிருக்கும் வடாலாவில் இது இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஐந்தாவதும் ஆறாவதும் அண்ணன் தம்பி மாதிரி. தமிழ்நாட்டு விவசாயிகளுக்குக் கரம்பை எலி என்று தெரிந்த சிறிய இனம் ஒன்று. பெருச்சாளி என்ற பெரிய இனம் மற்றொன்று. மும்பைக்காரர்கள் இரண்டையும் 'கூஸ்' என்று முடித்துவிடுவார்கள். பன்றி போன்ற மழுங்கிய முகம், கருத்த வால், சீண்டினால் முதுகு மயிரைச் சிலிர்த்து உறுமும் குணம் ஆகியவை பொது அடையாளம். பெருச்சாளி ஒரு கிலோ வரைகூட எடை போடும். ஆங்கிலத்தில் இவற்றுக்கு வழங்கும் பாண்டிகூட் என்ற சொல்லே, பன்றி எலி என்று பொருள்படும் 'பந்திகொக்கு' என்ற தெலுங்குச் சொல்லிலிருந்து போனது. பிறகு ஆஸ்திரேலியாவில் வயிற்றுப் பையில் குட்டி சுமக்கும் ஒரு பிராணிக்கும் வெள்ளைக்காரர்கள் அதே பெயரைச் சூட்டினார்கள்.

பிராணியைப் பார்க்காமலே வளையைப் பார்த்து இவற்றைக் கண்டுகொள்ளலாம். கரம்பை எலி தோண்டிய மண்ணை வாசலில் குவியலாகத் தள்ளும். உள்ளே இருக்கும்போது வாசலை மண்ணால் அடைத்தும் வைக்கும். உள்ளே தானியம் சேமிக்கும் அறைகள் உண்டு. தோட்டத்துக் கிழங்குகள் காணாமல் போவதும், நடைபாதைக் கற்கள் திடீரென்று உள்வாங்குவதும், காம்பவுண்டுச் சுவர் சாய்வதும் பெரும்பாலும் இந்தச் சகோதரர்களின் கைங்கரியம். பிளேக் காலத்தில் வீட்டெலியும் சாக்கடை எலியும் ஆண்ட மும்பையில், 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கரம்பை எலியின் கை ஓங்கியது. கல்கத்தாவின் தானியக் கிடங்குகளிலும் இதே கதைதான்.

இந்த ஆறைத் தவிர, பகலில் தோட்டத்தில் ஓடும் அணிலும் கொறிப்பன குலமே. ராமர் தடவியதால் வந்த கோடுகள் மூன்று என்பது தமிழ்நாட்டுப் பாட்டிகளின் கணக்கு. தென்னிந்திய அணிலுக்கு அது சரி. வட இந்திய இனத்துக்குக் கோடுகள் ஐந்து. ஃபைவ் கார்டன்ஸ் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கலாம்.

அடையாளம் தெரிவதால் என்ன லாபம்? முதல் லாபம் உடல்நலம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்தபின் எலிக் காய்ச்சல் என்ற லெப்டோஸ்பைரோசிஸ் நகரைத் தாக்கியது. எலி, பெருச்சாளிகளின் சிறுநீரில் வரும் கிருமி தேங்கிய நீரில் கலந்து, காலில் உள்ள சிறு காயம் வழியே உடலில் நுழைகிறது. நாய்களும் மாடுகளும்கூட இதைப் பரப்ப முடியும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் கிங்ஸ் சர்க்கிளிலும் மாட்டுங்கா காந்தி மார்க்கெட்டிலும் முழங்கால் நீரில் நடப்பவர்களுக்கு இது தூரத்து ஆபத்து அல்ல. வெள்ளநீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை எடுக்க வேண்டும் என்று மாநகராட்சி அறிவுறுத்துவது இதனால்தான். தோட்டத்தில் வளை இருந்தால், வெறும் கையால் மண்ணைக் கிளறாமல் கையுறை போடுவதும் வெறுங்காலில் நடக்காமல் இருப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

இரண்டாவது லாபம், வைத்தியம் சரியாக அமைவது. வீட்டெலி என்றால் மேலே பார்க்க வேண்டும்: ஜன்னல் வலை, குழாய் நுழையும் ஓட்டை, சுவரைத் தொடும் மரக்கிளை. சாக்கடை எலி என்றால் கீழே: உடைந்த மூடி, விரிசல் விட்ட கழிவுநீர்க் குழாய். பெருச்சாளி என்றால் வளையைத் தோண்டி, கண்ணாடித் துண்டும் சிமென்டும் கலந்து அடைப்பது பழைய முறை. சுண்டெலி 6 மில்லிமீட்டர் இடுக்கில்கூட நுழைந்துவிடும். மூஞ்சூறு என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். கதவடி இடுக்கை அடைத்தால் போதும். அது வெளியே இருந்துகொண்டு கரப்பானைத் தின்னட்டும். அதற்காக அதைக் கையில் எடுத்துக் கொஞ்சவும் வேண்டாம். நோய்க்கிருமிகளும் தெள்ளும் அதன் உடம்பிலும் இருக்கலாம்.

இதெல்லாம் தெரியாதபோதுதான் விஷம் வருகிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து தடவிய தீனியை எலி மட்டும் தின்பதில்லை; அணிலும் புறாவும் தின்கின்றன. விஷம் தின்று தள்ளாடும் எலியைப் பிடிக்கும் கூகையும் பூனையும் சாகின்றன. ஓர் இரவில் பல எலிகளைத் தின்னக்கூடிய கூகையைக் கொன்றுவிட்டு எலியை ஒழிக்க நினைப்பது சுத்தமான நஷ்டக் கணக்கு. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசைகள் இன்னும் மோசம். குழந்தை வாயில் வைத்துவிட்டால் கல்லீரலைத் தாக்கும். மாற்று மருந்து கிடையாது. பசை அட்டையில் ஒட்டிக்கொண்டு இரவெல்லாம் துடிப்பவற்றில் பல்லியும் மூஞ்சூறும் உண்டு.

மாநகராட்சியின் வழி வேறு. இருட்டியபின் தடியும் டார்ச்சுமாகக் கிளம்பும் எலி வேட்டைக்காரர்கள் மும்பையின் தனிச்சிறப்பு. ஒருவர் ஓர் இரவில் 30 எலிகளைக் கொன்று கணக்குக் காட்ட வேண்டும் என்ற விதி பத்திரிகைகளிலும் மிரியம் சாண்டி மேனாச்சேரியின் 'தி ரேட் ரேஸ்' ஆவணப்படத்திலும் பேசப்பட்டது. டார்ச் வெளிச்சத்தில் ஒரு நொடியில் எலியா மூஞ்சூறா என்று அவர்கள் கண் சொல்லிவிடும். ஆனால் மூன்று வாரத்துக்கொரு முறை ஆறேழு குட்டி போடக்கூடிய இனத்தைத் தடியால் வெல்ல முடியாது. சாப்பாடு தெருவில் கிடக்கும் வரை எலியும் கிடக்கும். மூடாத குப்பைத்தொட்டி இருக்கும் சொசைட்டியில் எந்த மருந்தும் பலிப்பதில்லை.

அலட்சியத்துக்கு விலை உண்டு என்பதை 1994 செப்டம்பரில் சூரத் காட்டியது. பிளேக் என்ற சொல் கேட்டதும் லட்சக்கணக்கானோர் அந்த ஊரைக் காலி செய்தார்கள். அவர்கள் வந்திறங்கிய ரயில் நிலையங்களில் மும்பையும் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்றது. சுமார் நூறு ஆண்டுக்கு முந்தைய பயம் ஒரே நாளில் திரும்பி வந்தது.

ஆண்டுதோறும் விநாயகர் சதுர்த்தியன்று வடாலா ராம மந்திர் கணபதியைக் காணக் கூட்டம் அலைமோதுகிறது. அவர் காலடியில் லட்டைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் வாகனம் எது என்பதில் மராத்தியருக்கும் தமிழருக்கும் சின்ன அபிப்பிராய பேதம். அவர்களுக்கு அது உந்தீர், அதாவது எலி. தமிழர்களுக்கு மூஞ்சூறு. சிற்பி வடிக்கும் வட்டக் காதைப் பார்த்தால் மராத்தியர் பக்கம்தான் நியாயம் என்று தோன்றும். ஆனால் மற்ற 364 நாளும் தோட்டத்தில் அந்த நீண்ட மூக்கைக் காப்பாற்ற, தமிழர் கட்சியில் இருப்பதே நல்லது. துடைப்பத்தை ஓங்கும் முன் ஒரு நொடி மூக்கைப் பார்த்தால் போதும்.