உங்களுக்குத் தெரியுமா? கம்பியை வெட்டினால் காற்று பேசும்!

★ நெட் வேண்டாம், சிம் வேண்டாம், டவரும் வேண்டாம். ஆனாலும் மெசேஜ் போகும்! உங்கள் போன் பக்கத்து போனிடம் கொடுக்கும். அது அடுத்த போனுக்குத் தாவும். இப்படியே கூட்டம் முழுக்கப் பரவும். இதுதான் ‘மெஷ்’. புளூடூத் இருந்தாலே போதும்!

★ 2014 செப்டம்பர், ஹாங்காங். தெருவெல்லாம் மாணவர் போராட்டம். ‘நெட்டை நிறுத்தப் போகிறார்கள்’ என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவ்வளவுதான்! ‘ஃபயர்சாட்’ என்ற மெஷ் ஆப்பில் 24 மணி நேரத்துக்குள் சேர்ந்தவர்கள் 1 லட்சம் பேர்!

★ 2021 பிப்ரவரி 1, மியான்மர். ஆட்சியை ராணுவம் பிடித்தது. நெட் போவதும் வருவதுமாக இருந்தது. கிடைத்த இடைவெளியில் ‘பிரிட்ஜ்ஃபை’ ஆப்பை இறக்கினார்கள் பாருங்கள்... சில மணி நேரத்தில் 6 லட்சம் தடவைக்கு மேல்! கணக்கு சொன்னது அந்தக் கம்பெனியே!

★ ஆனால் ஒரு திடுக்! அதே பிரிட்ஜ்ஃபையை 2020-லேயே லண்டன் ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். அடுத்தவர் செய்தியைப் படிக்க முடிந்தது. மொத்த மெஷ்ஷையும் படுக்க வைக்க முடிந்தது. அதற்கு எத்தனை மெசேஜ் தேவைப்பட்டது தெரியுமா? ஒன்றே ஒன்று! பிறகுதான் கம்பெனி பூட்டை மாற்றியது!

★ ஈரானில் டிஷ் ஆண்டெனா வைப்பது குற்றம். ஆனால் மொட்டைமாடியெல்லாம் டிஷ்! 2016-ல் அந்த டிஷ்ஷுக்கே வந்து இறங்கியது ‘தூஷே’. செட்டாப் பாக்ஸில் பென் டிரைவைச் செருகி, குறிப்பிட்ட சேனலை ரெக்கார்ட் செய்தால் உள்ளே செய்தி, வீடியோ, மென்பொருள் எல்லாம்! 1 மணி நேரத்தில் 1 ஜி.பி. வரை! டிஷ் வாங்கத்தான் செய்யும், திருப்பி எதையும் அனுப்பாது. யார் இறக்கினார்கள் என்று எப்படிப் பிடிப்பது?

★ கியூபாவின் ஹவானாவில் இளைஞர்களே கட்டிய வலை ‘எஸ்நெட்’. தெருவுக்குத் தெரு கேபிள், மாடிக்கு மாடி வைஃபை. பல்லாயிரம் பேர் கேம் ஆடினார்கள், அரட்டை அடித்தார்கள். இதில் இன்டர்நெட் மட்டும் இருக்கவில்லை! அரசியல் பேசவும் தடை. அந்தத் தடையைப் போட்டது அரசு அல்ல, எஸ்நெட்காரர்களே!

★ சூட்கேஸுக்குள் இன்டர்நெட்! 2011-ல் இந்த ஆராய்ச்சிக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை கொடுத்தது சுமார் 20 லட்சம் டாலர். அதில் பிறந்த ‘கமோஷன்’ மென்பொருள் 2013 டிசம்பரில் துனிசியாவின் சயாதாவில் ஓடத் தொடங்கியது. அது 14,000 பேர் வாழும் மீனவர் ஊர். வெளி உலகத் தொடர்பு அறுந்தாலும் ஊருக்குள் விக்கிப்பீடியா படிக்க முடிந்தது!

★ வீட்டு வைஃபை அடுத்த அறைக்கே எட்டவில்லையா? 2007-ல் வெனிசுலாவில் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு வைஃபை அனுப்பினார்கள். தூரம் 382 கிலோமீட்டர்! சென்னையில் கிளம்பினால் திருச்சியைத் தாண்டிவிடும்!

★ 2014, பெர்லின். ஒரு பக்கம் அமெரிக்கத் தூதரகம், மறுபக்கம் பிரிட்டிஷ் தூதரகம். இரண்டிலும் ஒட்டுக்கேட்பு என்று புகார். நடுவில் இரண்டு கலைஞர்கள் டப்பா ஆண்டெனா வைத்தார்கள். ‘ஒட்டுக்கேட்பவர்களே, இந்தாருங்கள்!’ என்று அதன் வழியே யார் வேண்டுமானாலும் எழுத முடிந்தது. வந்து குவிந்தவை 15,000 செய்திகளுக்கு மேல்! ஆண்டெனா நின்ற இடங்களில் ஒன்று சுவிஸ் தூதரகத்தின் மாடி!

★ பழசு என்று ஒதுக்காதீர்கள்! ஐரோப்பாவுக்கான சிற்றலை ஒலிபரப்பை பி.பி.சி. 2008-ல் மூடிவிட்டது. 2022 மார்ச்சில் உக்ரைனிலும் ரஷ்யாவின் சில பகுதிகளிலும் கேட்கும்படி அதே சிற்றலையில் திரும்ப வந்தது. தினமும் 4 மணி நேரம் செய்தி!

★ 2025 செப்டம்பர் 4, நேபாளம். 26 சமூக வலைத்தளங்களுக்குத் தடை! புளூடூத்தில் ஓடும் ‘பிட்சாட்’ பக்கம் இளைஞர் கூட்டம் பாய்ந்தது. தெருவில் போராட்டம் வெடித்து, 9-ம் தேதி பிரதமரே ராஜினாமா! தடை போட்டு 5-வது நாள்!

★ நம்ம ஊர் மட்டும் விதிவிலக்கா? 2018 மே, தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டுக்கு மறுநாள் இணையத்தை 5 நாள் நிறுத்த உத்தரவு. தூத்துக்குடி, நெல்லை, குமரி என்று 3 மாவட்டங்களில்!

★ இன்றே சோதித்துப் பாருங்கள்! வீட்டில் இரண்டு போனில் ஒரு மெஷ் ஆப். ஏரோப்ளேன் மோடு போட்டு, புளூடூத்தை மட்டும் ஆன் செய்து ஒரு வணக்கம் அனுப்புங்கள். போய்ச் சேரும்! ஒன்று மட்டும் ஞாபகம்: ஆப்பை நெட் இருக்கும்போதே இறக்கி வையுங்கள். போன பிறகு இறக்க முடியாது!