ஒட்டுப்போட்ட குரல்: தமிழ் ராப்பும் அடையாளமும் குறித்துச் சில குறிப்புகள்

அடையாளம் என்று பேச்செடுத்தாலே நமக்கு வேர் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. வேர், மண், ரத்தம், தொன்மை. கீழ்பென்னாத்தூர் டீக்கடையில் ராப் பற்றிப் பேச்சு வந்தபோது தமிழாசிரியர் ஒருவர் சொன்னார்: ‘இதெல்லாம் நம்மகிட்ட எப்பவோ இருந்ததுதாம்பா. எதுகை மோனை இல்லாததா? கட்டியங்காரன் பேசாத பேச்சா?’ கேட்க இதமாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவன் நான். கட்டியங்காரன் வந்து நின்று, தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொண்டு, ராஜாவையே நக்கலடித்து, எதிரே உட்கார்ந்திருப்பவனை வம்புக்கிழுப்பான். ராப் பாடுகிறவனை ‘எம்சி’ என்கிறார்கள். நிகழ்ச்சியை நடத்துகிறவன் என்று அர்த்தம். ஒப்புமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒப்புமை காண்பது வேறு, உரிமை கொண்டாடுவது வேறு. ‘எல்லாம் நம்மிடம் இருந்தது’ என்கிற வாக்கியம் இன்னொருவருடைய வரலாற்றைச் சத்தமில்லாமல் அழித்துவிடுகிறது.

அந்த வரலாறு இது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியை நெடுஞ்சாலை ஒன்று குடியிருப்புகளை இடித்துக்கொண்டு இரண்டாகக் கிழித்துப் போனது. வேலை போயிற்று, வீடுகள் எரிந்தன. மிஞ்சியவர்கள் கறுப்பர்களும் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களும். ஜமைக்காவில் பிறந்து அங்கே குடியேறிய கூல் ஹெர்க் என்ற இளைஞன் 1973 ஆகஸ்ட் 11 அன்று அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பொதுக்கூடத்தில் ஒரு விருந்துக்கு இசைத்தட்டு போட்டான். பாட்டில் பாடகர் ஓய்ந்து தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில விநாடிகள் வரும். ஆடுகிறவர்கள் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள் என்பதை அவன் கவனித்தான். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழலிகளில் வைத்து, ஒன்று முடிந்ததும் மற்றதைத் தொடங்கி, அந்தச் சில விநாடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினான். அந்த நீட்சியின்மேல் பேசியதுதான் ராப். இசைத்தட்டு சுழற்றுவது, ராப், உடலை முறித்தாடும் ஆட்டம், சுவரில் தீட்டும் எழுத்து ஆகிய நான்கும் சேர்ந்தது ஹிப் ஹாப்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தக் கலை வேரிலிருந்து முளைக்கவில்லை, வெட்டி ஒட்டியதிலிருந்து வந்தது. ஏற்கெனவே இருக்கும் பிரதியைத் துண்டாக்கி, இடம் மாற்றி, வேறு அர்த்தம் சொல்ல வைப்பது. இசைக்கருவி வாங்க வக்கில்லாதவனுக்கு அடுத்தவருடைய இசைத்தட்டே கருவி. எனவே ‘அசல்’ எது என்ற கேள்வியை இந்த வடிவம் தன் பிறப்பிலேயே கேலி செய்கிறது.

நாடு கடத்தப்பட்டவர்களும் கப்பலேறியவர்களும் இதை ஏன் உடனே பற்றிக்கொண்டார்கள் என்பது இதிலிருந்து புரியும். தென்னமெரிக்காவின் சூரிநாமை எடுத்துக்கொள்வோம். 1863இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். 1873இல் ‘லல்லா ரூக்’ கப்பல் இந்தியக் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. ஆப்பிரிக்க வம்சாவளியினர், போஜ்புரி பேசியவர்கள், ஜாவாவிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே தோட்டப் பொருளாதாரத்தின் பிள்ளைகள். 1975இல் விடுதலை கிடைத்த சமயத்தில் பெருந்தொகையானோர் ஹாலந்துக்குப் போனார்கள். அங்கே பிறந்த பிள்ளைக்கு ‘உன் ஊர் எது’ என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. டச்சும் ஸ்ரானன் டோங்கோவும் கலந்து பேசுவதுதான் அவனுக்கு விடை.

நமக்கு இதன் நேர்ச்சோடி மலேசியா. தமிழ் ராப் சென்னையில் பிறக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர்களின் வழிவந்த பிள்ளைகள், தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகர விளிம்புக்குத் தள்ளப்பட்ட காலத்தில் வளர்ந்தவர்கள், இந்த வடிவத்தை எடுத்தார்கள். 1990களில் ‘போயட்டிக் அம்மோ’ குழு ஆங்கிலமும் மலாயும் தமிழும் கலந்து பாடியது. அதிலிருந்த யோகி பி, ‘நட்சத்திரா’வோடு சேர்ந்து 2006இல் ‘வல்லவன்’ வெளியிட்டார். ‘நிழல்கள்’ (1980) படத்தின் இளையராஜா பாட்டை எடுத்து அதன்மேல் ராப் போட்டார்கள். அது தமிழ்நாட்டுக்குள் ஊர் ஊராய் ஒலித்தது. மறு வருஷம் நவம்பரில் கோலாலம்பூர்த் தெருவில் இந்திய வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். இரண்டுக்கும் நேர்க்கோடு போட நான் வரவில்லை. ஆனால் இரண்டும் ஒரே மௌனத்தைத்தான் உடைத்தன.

தமிழ்நாட்டில் நடந்தது வேறு கதை. 1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ சென்னைச் சேரி பாஷையை வெள்ளித்திரைக்குக் கொண்டுவந்தது, ஆனால் வேடிக்கையாக. 2012இல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ வந்தது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் ஹிப்ஹாப் தமிழாவின் பாட்டு மெரினாவில் முழங்கியது. அங்கே பேசியது ஒரு பெரிய ‘நாம்’. தமிழர் என்ற அந்த ‘நாம்’ எவ்வளவு பெரிதோ அவ்வளவு வழுவழுப்பு. வாடிவாசலுக்குள் யார் யார் நிற்கலாம் என்ற கேள்வி அதில் வழுக்கி விழுந்துவிட்டது. அந்தக் கேள்வியை மேடையேற்றியது ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இக்குழுவின் முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரியில் சென்னையில் நடந்தது. கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில். பெயரிலேயே அயோத்திதாசரின் ‘சாதி பேதமற்ற’ என்கிற சொல்லாடல் இருக்கிறது. ‘தமிழன்’ என்பதும் ‘சாதியற்ற’ என்பதும் ஒரே அடையாளம் அல்ல. முதலாவது ஒரு பெருமிதம், இரண்டாவது ஒரு கோரிக்கை.

இந்தக் குழுவிலிருந்து வந்த அரக்கோணத்து அறிவு, 2021 மார்ச்சில் தீயோடு சேர்ந்து ‘என்ஜாயி எஞ்சாமி’ தந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி வந்த தம் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து எடுத்த பாட்டு. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பங்கு போட்டது. அந்த எண்ணுக்குள் முகம் தெரியாமல் கிடந்தவர்களுக்கு இந்தப் பாட்டு முகம் கொடுத்தது. பிறகு என்ன ஆயிற்று? அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவின் முகம் இல்லை. கண்டனம் எழுந்த பிறகே அவருக்குத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. பாட்டு யாருடையது என்ற தர்க்கம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. வெட்டி ஒட்டுகிற கலையில் அசல் இல்லை என்று மேலே சொன்னேன். ஆனால் அசல் இல்லை என்பதால் உழைத்தவர் பெயரும் இல்லை என்றாகிவிடாது. எடுத்தவர் யார், எடுக்கப்பட்டது யாரிடமிருந்து, பெயர் யாருக்கு? ராப்பின் அரசியல் இந்த மூன்று கேள்விகளில் இருக்கிறது.

முடிக்கும் முன் எங்கள் ஊர்ப்பக்கத்து விஷயம் ஒன்று. சாவுக்குப் பறையடித்துக் காலம் தள்ளிய பெரியவர் ஒருவர். திருவண்ணாமலையில் கல்லூரிக்குப் போகிற அவர் மகன், ‘இனி நீ அடிக்கப் போவக்கூடாதுப்பா’ என்று நிறுத்திவிட்டான். அதே பையன் போனில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கேட்கிறான், கலை இரவு மேடையில் பறை எடுத்து ஆடுகிறான். பெரியவர் என்னிடம் கேட்டார்: ‘இன்னா சார் இது, நான் அடிச்சா கேவலம், அவன் அடிச்சா கலையா?’ ஊர்த்தெருவில் பிறந்த எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தப் பறையை எங்கள் தெரு முனையில் நின்று கேட்டவன்தானே நான்.

பிறகு யோசித்தபோது தோன்றியது: இருவர் கையிலும் இருப்பது ஒரே தோல்தான். ஆனால் அப்பாவை ஊர் கூப்பிட்டது, வராமலிருக்க முடியாது. மகன் தானாக எடுத்தான், வேண்டாமென்றால் கீழே வைக்கலாம். சுமத்தப்பட்ட அடையாளத்துக்கும் எடுத்துக்கொண்ட அடையாளத்துக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான், இவ்வளவும்தான். அடுத்த தடவை பெரியவரைப் பார்க்கும்போது இதைச் சொல்ல வேண்டும். மகன் மேடையில் அடிக்கிற அந்த அடி யார் சொல்லிக்கொடுத்தது என்று அறிவிப்பாளர் பேர் சொன்னாரா என்றும் கேட்க வேண்டும்.